வாக்குச் சீட்டும் வயிற்றுப் பசியும்

ஆட்சிகள் மாறும்போதெல்லாம் வெற்றி பெற்ற தலைவர்கள் கண்டிக்கு வருவார்கள். தலதா மாளிகையில் மலர் வைத்து வணங்குவார்கள். பத்திரிகைகள் படம் வெளியிடும். அந்தப் படங்களில் மாளிகையும் வாவியும் தெரியும். சுற்றியுள்ள மலைகளில் வாழும் மனிதர் தெரியமாட்டார். ஹந்தானை மலையிலும், கலஹா, தெல்தோட்டை, ஹேவாஹெட்டை, புசல்லாவைச் சரிவுகளிலும் இரண்டு வகை ஏழைகள் அருகருகே வாழ்கின்றனர். மேட்டில் லயத்து அறையில் தமிழ்த் தொழிலாளி. பள்ளத்தில் கால் ஏக்கர் வயலோடு சிங்களக் குடியானவன். ஒருவன் பேசும் மொழி மற்றவனுக்கு அரைகுறையாகவே விளங்கும். ஆனால் இருவரும் ஒரே கடையிற்றான் கடன் சொல்லி அரிசி வாங்குகின்றனர்.

இலங்கையில் வயது வந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை என்ற கொள்கை 1931ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. ஆசியாவில் வேறெங்கும் இல்லாத பேறு என்று அதனைப் பாடப் புத்தகங்கள் புகழ்கின்றன. வாக்கு ஏழையின் ஆயுதம் என்றால், தொண்ணூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் கண்டிச் சீமையின் வறுமை ஏன் தொலையவில்லை? இந்தக் கேள்விக்கு விடை தேட வேண்டுமாயின் சரித்திரத்தைச் சிறிது பின்னோக்கிப் புரட்ட வேண்டும்.

1815 மார்ச் 2ஆம் நாள் கண்டிப் பிரதானிகள் பிரிட்டிஷாருடன் ஒப்பந்தம் செய்து நாட்டை ஒப்படைத்தனர். 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம், உறுதிப் பத்திரம் காட்ட இயலாத காடும் தரிசும் முடிக்குரியவை என்று விதித்தது. 1897ஆம் ஆண்டின் தரிசு நிலச் சட்டம் அந்தப் பிடியை மேலும் இறுக்கியது. வயல்கள் பெரும்பாலும் குடியானவனிடமே இருந்தன என்பது உண்மைதான். ஆனால் வயல் மட்டுமா கிராமம்? மாடு மேய்ந்த புல்வெளியும், விறகு பொறுக்கிய காடும், குரக்கன் விதைத்த சேனை நிலமும் சேர்ந்ததே கிராமம். அவை கோப்பித் தோட்டங்களாயின. நிலத்தை விற்ற அரசாங்க உத்தியோகத்தர் பலர் தாமே வாங்குவோராகவும் இருந்தனர்.

பழைய வாழ்வு முற்றாக அறுபடாததால், கண்டிக் குடியானவன் ஆண்டு முழுவதும் கூலிக்கு வர மறுத்தான். கடல் கடந்து ஆள் பிடிக்கப்பட்டது. தமிழகத்தில் பஞ்சத்தாலும் சாதிக் கொடுமையாலும் நசுங்கியிருந்த மக்கள், தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை காட்டு வழியே நடத்திக் கொண்டுவரப்பட்டனர். வழியில் மாண்டவருக்குக் கணக்கில்லை. 1869இல் கோப்பிக்கு நோய் கண்டது. அதற்கு இரண்டாண்டு முன்னரே ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரைத் தோட்டத்தில் தேயிலை பயிரிட்டிருந்தார். கோப்பி வேண்டியது பருவத்துக் கூலியாளை. தேயிலை வேண்டியது ஆண்டு முழுவதும் லயத்தில் அடைபட்டுக் கிடக்கும் குடும்பத்தை. கங்காணியின் கடன் புத்தகம் அந்தக் குடும்பத்தை மலையோடு பிணைத்தது.

இவ்வாறு ஒரே கொள்ளையிலிருந்து இரண்டு ஏழைகள் பிறந்தனர். ஒருவனிடமிருந்து நிலம் பறிக்கப்பட்டது. மற்றவனிடமிருந்து உழைப்பு பறிக்கப்பட்டது. ஆனால் குடியானவன் மேட்டை நோக்கியபோது அவன் கண்ணில் பட்டது இலண்டன் கம்பெனியின் பங்குதாரன் அல்லன்; கொழுந்துக் கூடையைச் சுமந்த தமிழ்ப் பெண்ணே பட்டாள். பின்னால் வந்த கட்சி அரசியல் முழுவதும் இந்தக் காட்சிப் பிழையை முதலாக வைத்தே வியாபாரம் நடத்தியது.

1931இல் தோட்டத் தொழிலாளிக்கு வாக்குரிமை வழங்குவதைக் கண்டிப் பிரபுக்கள் எதிர்த்தனர். அதனால் பல நிபந்தனைகள் விதிக்கப்பட்டன. ஆயினும் விழிப்பு பிறந்தது. 1937இல், மடுல்கலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் தொழில் பழக வந்த பிரேஸ்கேர்டில் என்ற ஆஸ்திரேலிய இளைஞர் தொழிலாளர் பக்கம் நின்று மேடையேறினார். ஆளுநர் அவரை நாடு கடத்த ஆணையிட்டார்; உயர் நீதிமன்றம் அந்த ஆணை செல்லாது என்றது. 1940 ஜனவரியில் ஹேவாஹெட்டைப் பகுதியின் முல்லோயாத் தோட்டத்தில் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் நடந்தது. பொலிசார் சுட்டதில் கோவிந்தன் என்ற தொழிலாளி மடிந்தார். லங்கா சமசமாஜக் கட்சியின் செங்கொடி மலையில் ஏறிய நாட்கள் அவை. அதற்கு முந்திய ஆண்டிலே, ஜவகர்லால் நேருவின் வருகையையொட்டி இலங்கை இந்தியக் காங்கிரசும் தோன்றியிருந்தது.

1947ஆம் ஆண்டுத் தேர்தலில் இந்த விழிப்பு எண்ணிக்கையாக மாறியது. 95 ஆசனங்களில் ஐக்கிய தேசியக் கட்சிக்குக் கிடைத்தவை 42. இலங்கை இந்தியக் காங்கிரஸ் 7 இடங்களில் வென்றது. மூன்று இடதுசாரிக் கட்சிகளும் சேர்ந்து 18 இடங்களைப் பெற்றன. தோட்ட வாக்கு தனக்கென ஆசனம் பெற்றதோடு நில்லாமல், வேறு பல தொகுதிகளில் இடதுசாரி வேட்பாளருக்கும் கை கொடுத்தது. ஆளும் வர்க்கம் அஞ்சியது இதற்குத்தான். லயமும் கிராமமும் ஒரே சின்னத்துக்குப் புள்ளடியிட்டால் மலையின் சொந்தக்காரர் யார் என்ற கேள்வி எழுந்துவிடுமே!

அந்தக் கேள்வி எழுமுன் கேட்பவனின் வாய் அடைக்கப்பட்டது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம், தந்தையோ, அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனுமோ இத்தீவில் பிறந்ததற்குச் சான்று கேட்டது. லயத்தில் பிறந்தவனுக்கு யார் பத்திரம் எழுதி வைத்தார்கள்? 1949இல் வந்த மற்றொரு சட்டம் பிரசைகள் அல்லாதாரை வாக்காளர் இடாப்பிலிருந்து நீக்கியது. 1946ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி இந்தியத் தமிழர் 7 இலட்சத்து 80 ஆயிரம் பேர். நாட்டின் சனத்தொகையில் நூற்றுக்குப் பன்னிருவர். 1952 தேர்தலில் அவர்களுள் ஒருவரும் பாராளுமன்றம் செல்லவில்லை. அவ்வாண்டு ஏறத்தாழ 140 நாட்கள் சத்தியாக்கிரகம் நடந்தும் கதவு திறக்கவில்லை. பதிவுச் சட்டத்தின்கீழ் விண்ணப்பித்தோர் எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர்; பிரசாவுரிமை கிடைத்ததோ சுமார் 1 இலட்சத்து 34 ஆயிரம் பேருக்கே.

இதில் ஒரு நுட்பமான சூழ்ச்சி உண்டு. மாணவ நண்பர்கள் அதனைக் கவனிக்க வேண்டும். சோல்பரி யாப்பின்கீழ்த் தொகுதிகள் வகுக்கப்பட்டது மொத்தச் சனத்தொகையைக் கொண்டு. தோட்டத் தொழிலாளியின் தலையும் அதில் எண்ணப்பட்டிருந்தது. வாக்கு நீக்கப்பட்ட பின்னரும் அந்த ஆசனங்கள் மலைநாட்டிலேயே இருந்தன. அதாவது, தொழிலாளியின் தலைக்கு ஆசனம் உண்டு. கைக்கு வாக்கு இல்லை. அந்த ஆசனத்தை எஞ்சிய கண்டி வாக்காளர் நிரப்பினர். கண்டிக் கிராமத்தின் ஒவ்வொரு வாக்கும் கொழும்பு வாக்கைவிட எடை மிகுந்ததாயிற்று.

அமெரிக்கத் தென் மாநிலங்களின் சரித்திரத்தை அறிந்தவர்க்கு இந்தக் கதை புதிதன்று. மிசிசிப்பி மாநிலம் 1890ஆம் ஆண்டு யாப்பின் மூலம் தலைவரியும் எழுத்தறிவுப் பரீட்சையும் வைத்துக் கறுப்பின மக்களை வாக்கிலிருந்து விரட்டியது. ஆனால் மத்திய சட்டசபை ஆசனங்களைக் கணக்கிடும்போது அவர்களையும் சேர்த்தே எண்ணியது. தலைவரி கட்ட வழியற்ற வெள்ளை ஏழையும் அதே வாயிலில் தள்ளப்பட்டான். பின்னர் பல பத்தாண்டுகள் அங்கே ஒரே கட்சியின் ஆட்சி. தேர்தல் தோறும் நிறவெறியே பேச்சு. வி. ஓ. கீ என்ற அரசியல் அறிஞர் 1949இல் எழுதிய ஆய்வில், உண்மையான கட்சிப் போட்டியில்லாத இடத்தில் இல்லாதவர்களே தோற்கிறார்கள் என்ற முடிவுக்கு வந்தார். 1965ஆம் ஆண்டு வாக்குரிமைச் சட்டம் வந்த பின்னரும் மிசிசிப்பி அந்நாட்டின் மிக ஏழை மாநிலங்களுள் ஒன்றாகவே இருந்து வருகிறது. அயலானின் வாக்கைப் பறித்துத் தன் வயிற்றை நிரப்பிய ஏழை எங்குமே இல்லை.

கண்டிக் குடியானவனாவது நிரப்பினானா? எடை மிகுந்த வாக்கைப் பெற்ற அவனுக்குக் கிடைத்தது முதலில் ஓர் ஆணைக்குழு. என். ஈ. வீரசூரியா தலைமையிலான கண்டி விவசாயிகள் ஆணைக்குழு 1951இல் அறிக்கை தந்தது. நிலமின்மை, கடன், நோய், பள்ளியும் பாதையும் இல்லாத ஊர்கள் என்று அது அடுக்கியது. பரிகாரமாக ஒரு புனர்வாழ்வுத் திணைக்களம் வந்தது. சில பாதைகளும் வந்தன. தேயிலைக் கம்பெனிகளின் நிலம் தொடப்படவில்லை. நிலமற்றவனை மின்னேரியாவுக்கும் கல்லோயாவுக்கும் அனுப்புவதே பெரிய அரசியலாயிற்று. அங்கே அவன் வடகிழக்குத் தமிழ்க் குடியானவனுக்கு எதிராக நிறுத்தப்பட்டான் என்பது வேறொரு துயரக் கதை.

தேர்தல் தோறும் குடியானவனுக்குக் காட்டப்பட்டது நிலம் அன்று, பகைவன். 1956இல் மொழி மேடையேறியது. 1957இல் பண்டாரநாயக்கா - செல்வநாயகம் ஒப்பந்தத்தை எதிர்த்து ஜே. ஆர். ஜயவர்த்தனா கால்நடை யாத்திரை புறப்பட்டது எந்த நகரை நோக்கி? கண்டியை நோக்கித்தான். இம்புல்கொடையில் அது தடுக்கப்பட்டது. ஒரு கட்சி மொழியைச் சொன்னால் மறு கட்சி அதைவிட உரத்துச் சொன்னது. அந்த ஏலத்தில் அரிசியின் விலையும் கொழுந்தின் கூலியும் கேட்பாரற்றுப் போயின.

நம் பக்கத்துத் தவறையும் மறைக்கலாகாது. 1948இல் பிரசாவுரிமைச் சட்டத்தை இடதுசாரிகள் பாராளுமன்றத்தில் வன்மையாக எதிர்த்தனர், அது பெருமைக்குரியது. ஆனால் 1964 ஜூனில் சமசமாஜக் கட்சி ஸ்ரீமாவோ அரசாங்கத்தில் சேர்ந்தது. அவ்வாண்டு அக்டோபர் 30ஆம் நாள், அந்த அரசாங்கமே இந்தியாவுடன் ஒப்பந்தம் செய்து, 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை அங்கே அனுப்பவும் 3 இலட்சம் பேரை இங்கே ஏற்கவும் முடிவு கட்டியது. எஞ்சிய 1 இலட்சத்து 50 ஆயிரம் பேரின் பங்கீடு 1974இல் முடிந்தது. மனிதர் மூட்டைகளைப் போலப் பிரிக்கப்பட்டபோது செங்கொடியை ஏந்தியவர் அமைச்சர் நாற்காலியில் இருந்தனர். வாக்கில்லாதவனைக் கைவிடுவது எளிது; அவனால் தேர்தலில் தண்டிக்க முடியாதல்லவா?

1971 ஏப்ரலில் படித்த கிராமத்து இளைஞர் கிளர்ந்தெழுந்தனர். கேகாலையிலும் கண்டியிலும் இரத்தம் சிந்தியது. அதன் பின்னரே 1972இல் நிலச் சீர்திருத்தச் சட்டம் 50 ஏக்கர் உச்சவரம்பை விதித்தது. 1975இல் கம்பெனித் தோட்டங்களும் அரசுடைமையாயின. நூற்றைம்பது ஆண்டு அநீதி முடிந்தது என்று பலர் மகிழ்ந்தனர். நடந்ததோ வேறு. கண்டி மாவட்டத்தில் பல தோட்டங்கள் தொகுதிக் கூட்டுறவுகள் என்ற பெயரில் ஆளுங்கட்சிப் பிரதிநிதிகளின் செல்வாக்கின்கீழ் வந்தன. நிலமும் வேலையும் கட்சிக்காரருக்குச் சன்மானமாயின. லயத்துக் குடும்பங்கள் துரத்தப்பட்டு நகரத் தெருக்களில் பிச்சை எடுத்தன. பஞ்சமும் சேர்ந்துகொண்டது. 1977 மேயில் நுவரெலியா மாவட்டத்து டெவன் தோட்டத்தில், தோட்டக் காணியைப் பங்கிடுவதை எதிர்த்துத் திரண்டவர்மீது பொலிசார் சுட்டனர். சிவனு லட்சுமணன் மடிந்தார். ஆட்சி மாறியது, கூட்டுறவுகள் கலைந்தன. கிராமத்து ஏழைக்கு எஞ்சியது கட்சி அட்டை ஒன்றுதான்.

தொழிலாளியின் பக்கமும் கட்சி அரசியல் தன் வேலையைச் செய்தது. 1956இல் தொழிலாளர் காங்கிரஸ் இரண்டாக உடைந்து அசீஸ் தலைமையில் ஜனநாயகத் தொழிலாளர் காங்கிரஸ் பிறந்தது. 1978இல் சௌமியமூர்த்தி தொண்டமான் ஜயவர்த்தனா அமைச்சரவையில் இடம்பெற்றார். அந்தப் பேரத்தால் வந்த நன்மையை மறுப்பது நேர்மையன்று: 1988ஆம் ஆண்டுச் சட்டமும் 2003ஆம் ஆண்டுச் சட்டமும் நாடற்றோர் என்ற களங்கத்தைத் துடைத்தன. ஆனால் அமைச்சரவையில் அமர்ந்த தொழிற்சங்கம் அந்த அமைச்சரவைக்கு எதிராக எவ்வளவு தூரம் போராட முடியும்? மாதச் சந்தா சம்பளத்திலேயே பிடிக்கப்பட்டது, வாக்கு தலைவரிடம் ஒப்படைக்கப்பட்டது, சங்கங்கள் பெருகின, லயம் அப்படியே நின்றது.

வாக்கு திரும்பிய பின்னரும் உரிமை முழுதாகத் திரும்பவில்லை. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டத்துக்குள் சபை செலவு செய்யத் தடையாயிருந்தது. தொழிலாளி வாக்களித்துத் தேர்ந்த சபை, அவன் வீட்டு வாசல் பாதைக்குக் கல் போட முடியாது! 2018இல்தான் அது திருத்தப்பட்டது. நாட்சம்பளம் 1,000 ரூபா என்ற கோரிக்கை பல ஆண்டுகள் தேர்தல் மேடைகளில் முழங்கி 2021இல் நிறைவேறியது. அடுத்த ஆண்டு நெருக்கடி அந்த ரூபாவின் மதிப்பையே விழுங்கிவிட்டது. 2019ஆம் ஆண்டின் அரசாங்கக் கணக்கெடுப்பின்படி வறியோர் நகர்ப்புறத்தில் நூற்றுக்கு 6 பேர், கிராமப்புறத்தில் 15 பேர், தோட்டப்புறத்தில் 33.8 பேர். இந்த மூன்று எண்களே நம் கட்சி அரசியலின் மதிப்பெண் பட்டியல்.

ஏழைகளுக்கு வாக்குப் போடத் தெரியவில்லை என்று கண்டி நகரத்துக் கனவான்கள் சிலர் சொல்வதுண்டு. சரித்திரம் அதற்கு மாறாகப் பேசுகிறது. 1947இல் ஏழைக்கு நன்றாகவே தெரிந்திருந்தது, தெரிந்திருந்ததாற்றான் தண்டிக்கப்பட்டான். அதன் பின்னர் ஒருவனுக்கு வாக்கின்றி வறுமையும், மற்றவனுக்கு வாக்கோடு வறுமையும் பங்கிடப்பட்டன. இருவரும் தனித்தனியே தத்தம் கட்சிக்குப் புள்ளடியிட்டனர். நிலம் யாருக்கு, கூலி எவ்வளவு என்ற இரு கேள்விகளும் ஒரே வாக்குச் சீட்டில் சேர்ந்து வரவே இல்லை.

மலைநாட்டுப் பாடசாலைகளில் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு இங்கே ஒரு கடமை உண்டு. சிங்கள வகுப்பில் 1840ஆம் ஆண்டுச் சட்டம் படிப்பிக்கப்படுகிறது. தமிழ் வகுப்பில் 1948ஆம் ஆண்டுச் சட்டம் நினைவூட்டப்படுகிறது. ஒவ்வொரு பிள்ளையும் தன் காயத்தை மட்டுமே அறிந்து வளர்கிறது. இரண்டு சட்டங்களையும் ஒரே கரும்பலகையில் அருகருகே எழுதிப் பாருங்கள். மேட்டு வீட்டுப் பிள்ளையும் பள்ளத்து வீட்டுப் பிள்ளையும் அதனைச் சேர்ந்து வாசிக்கும் நாளில், கண்டிச் சீமையின் தேர்தல் வேறொரு தேர்தலாக இருக்கும்.