கடலிலிருந்து வானுக்கு ஒரு சீட்டு

பெங்களூருக்குக் கடல் இல்லை. கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 3,000 அடி உயரத்தில் அமைந்த இந்நகரத்தார் கப்பலேற வேண்டுமாயின், முதலில் வேறோர் ஊர்தியில் சென்னைக்கோ கொச்சிக்கோ மும்பைக்கோ சென்று சேர வேண்டும். கரைக்கு மீண்ட பின்னரும் அவ்வாறே. ஆகவே இவர்களுக்குக் கடற்பிரயாணம் என்பது எந்நாளும் இரண்டு ஊர்திகளை ஒன்றோடொன்று முடிச்சிட்டுச் செய்யும் பிரயாணமாகும். முதல் ஊர்தியில் இருக்கும்போதே, அடுத்த ஊர்தியில் தமக்கு இடம் உண்டு என்ற உறுதியை எங்ஙனம் பெறுவது? இவ்வினா இன்று நேற்று எழுந்ததன்று. தமிழர் கடல் கடந்த வரலாற்றில் இதற்கு ஒரு தனி இடம் உண்டு.

இன்றைய நிலையை முதலிற் காண்போம். 2022-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் சென்னைத் துறைமுகத்திலிருந்து ‘எம்பிரஸ்’ என்னும் உல்லாசக் கப்பல் பிரயாணத்தைத் தொடங்கியது. இத்தகைய கப்பல்கள் பெரும்பாலும் காலையில் துறைமுகம் சேர்கின்றன. அன்று பிற்பகலே ஊர் திரும்ப விமானத்தில் இடம் பதிந்துகொள்வோர் பலர். விமான நிறுவனங்களோ, புறப்படும் நேரத்திற்கு 48 மணி அல்லது 24 மணி முன்னதாக, இணையத்தின் வழியே வருகையைப் பதிவு செய்து ‘போர்டிங் பாஸ்’ எனப்படும் ஏறுசீட்டைப் பெறுமாறு கூறுகின்றன. அந்நேரத்தில் பிரயாணி இருப்பதோ நடுக்கடலில். கரையை விட்டுச் சில மைல் சென்றதும் கைபேசியின் அலைத்தொடர்பு அற்றுவிடுகிறது. கப்பலில் செயற்கைக்கோள் வழி வரும் இணையத்திற்குப் பெரும்பாலும் தனிக் கட்டணம் உண்டு. கப்பலின் வரவேற்பு மேசையில் உள்ளோர் சீட்டை அச்சிட்டுக் கொடுத்தால்தான் காரியம் நிறைவேறும். இது சிறியதொரு சங்கடமே. ஆயினும், சீட்டைப் பெற்றுத் தரும் பொறுப்பு யாருடையது, சீட்டு யாருக்காக இருக்கிறது என்னும் பழைய கேள்விகள் இதனுள் அடங்கியுள்ளன.

பிரயாணச் சீட்டுக்கு இரண்டு முகங்கள் உண்டு. உம்மை ஏற்றிச் செல்வேன் என்று ஊர்தியாளன் தரும் வாக்குறுதி ஒரு முகம். நீ யார், எங்கே செல்கிறாய் என்று அதிகாரம் வைக்கும் அடையாளம் மற்றொரு முகம். நம் முன்னோர் இவ்விரண்டையும் கண்டவர்கள்.

முதல் முகத்திற்குச் சிறந்த சான்று ‘போட் மெயில்’. தூத்துக்குடிக்கு 1876-ஆம் ஆண்டிலேயே இருப்புப்பாதை வந்துவிட்டது. இலங்கை செல்வோர் அங்கு இறங்கி நீராவிக் கப்பலேறிக் கொழும்பு சேர்ந்தனர். பின்னர் 1914-ஆம் ஆண்டு பிப்ரவரியில் பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. ரயில் தனுஷ்கோடித் துறைமேடை வரையிற் சென்றது. அங்கிருந்து ஏறத்தாழ 20 மைல் கடலைத் தென்னிந்திய ரயில்வேயின் நீராவிக் கப்பல்கள் கடந்தன. கர்சன், எல்ஜின், ஹார்டிஞ்சு என்று ராஜப் பிரதிநிதிகளின் பெயரைத் தாங்கிய கப்பல்கள் அவை. தலைமன்னாரில் மறுபடியும் ரயில், அது கொழும்புக் கோட்டை வரையில். சென்னை எழும்பூரில் வாங்கிய ஒரே சீட்டு இம்மூன்று கட்டங்களுக்கும் செல்லுபடியாயிற்று.

இதன் சிறப்பை எண்ணிப் பாருங்கள். தனுஷ்கோடியில் ரயிலை விட்டிறங்கிய பிரயாணி, கப்பலில் இடம் உண்டோ இல்லையோ என்று ஏங்க வேண்டியதில்லை. ரயிலின் நேரமும் கப்பலின் நேரமும் ஒன்றையொன்று அனுசரித்து வகுக்கப்பட்டிருந்தன. இரண்டு ஊர்திகளுக்கும் நடுவேயுள்ள இடைவெளியைக் கடத்தி வைப்பது ஊர்தியாளரின் கடமையாக இருந்தது. பிரயாணி செய்ய வேண்டியதெல்லாம் அந்தச் சிறிய அட்டைத் துண்டைப் பத்திரமாக வைத்திருப்பதே. 1964-ஆம் ஆண்டு டிசம்பர் 22-ஆம் நாள் இரவில் வீசிய பெரும்புயல் தனுஷ்கோடியை அழித்தது. அதன்பின் இராமேசுவரத்திலிருந்து நடைபெற்ற கப்பற் போக்குவரத்தும் இலங்கையில் போர் மூண்ட பின்னர் நின்றுபோயிற்று.

ஆனால் அதே கடல் வழியில் மற்றொரு முகமும் இருந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்ற தமிழ்த் தொழிலாளர்க்குக் காகிதச் சீட்டு வழங்கப்படவில்லை. தகரச் சீட்டே வழங்கப்பட்டது. சிறிய தகர வில்லை ஒன்றில் தோட்டம் அமைந்த மாவட்டத்தைக் குறிக்கும் எழுத்தும், தோட்டத்தின் எண்ணும் பொறிக்கப்பட்டிருந்தன. தோட்டத் துரைகள் அவ்வில்லைகளைக் கங்காணிகளிடம் தந்து தமிழ்நாட்டுக்கு அனுப்புவர். கங்காணி ஆள் சேர்த்து, ஆளுக்கு ஒன்றாக அவற்றைக் கொடுப்பான். தொழிலாளி அதைக் கழுத்திலே கட்டிக்கொண்டால் வழியெங்கும் வேறு செலவில்லை. வழிச் செலவை அரசாங்கம் முதலில் ஏற்று, பிறகு வில்லையிற் கண்ட எண்ணைப் பார்த்து அத்தோட்டத்தினிடம் வசூலித்துக்கொண்டது. மண்டபம் முகாமில் உடற்பரிசோதனை முடித்து, அவர்கள் கப்பலேற்றப்பட்டனர்.

மேலோட்டமாகப் பார்த்தால் இது வசதியான ஏற்பாடே. எழுதப் படிக்கத் தெரியாதவரும் வழி தவறாமல் சென்று சேர்ந்தனர். ஆயினும், போட் மெயில் பிரயாணி சீட்டைச் சட்டைப் பையில் வைத்திருந்தான்; இங்கோ சீட்டு மனிதனைப் பிடித்து வைத்திருந்தது. வழிச் செலவு பின்னர்க் கடனாக அவன் தலையிலேயே ஏறியது. தோட்டத்தை விட்டு விலக வேண்டுமானால் ‘துண்டு’ என்னும் மற்றொரு காகிதம் வேண்டும். கடனைத் தீர்த்தால் இவனை விடுவிப்போம் என்று தோட்டத்தார் எழுதித் தரும் சீட்டு அது. அஃதின்றி வேறு தோட்டத்தில் வேலை கிடையாது. ஆங்கில அரசின் ஆவணங்களிலும் இத்தமிழ்ச் சொல்லே ‘துண்டு’ என்று அப்படியே இடம் பெற்றது. 1921-ஆம் ஆண்டில்தான் துண்டு முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

இவ்வரலாறு கன்னட நாட்டுத் தமிழர்க்கும் அயலானதன்று. 1964-ஆம் ஆண்டு அக்டோபரில் சிறீமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. அதன்படி மலையகத் தமிழர் லட்சக்கணக்கில் இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். பாட்டன் வந்த அதே கடல் வழியே பேரன் திரும்பினான். அவன் கையில் இருந்தது ஒருவழிச் சீட்டு. அவ்வாறு வந்தோரில் ஒரு பகுதியினர் கர்நாடகத்தின் சுள்ளியா, புத்தூர் வட்டாரங்களில் ரப்பர்த் தோட்டங்களில் குடியமர்த்தப்பட்டனர். அவர்தம் சந்ததியார் இன்றும் அங்கு வாழ்கின்றனர்.

கிழக்கே மலேயாவுக்குச் சென்ற கப்பல்களில் நிலைமை வேறு. 1926-ஆம் ஆண்டில் கட்டப்பெற்ற ‘ரஜுலா’ என்னும் கப்பலின் பெயரை அறியாத பழைய தமிழ்க் குடும்பங்கள் தஞ்சை, இராமநாதபுரம் மாவட்டங்களில் அரிது. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஏறத்தாழ அரை நூற்றாண்டு அது ஓடியது. அதன் பிரயாணிகளுள் மிகப் பெரும்பாலோர் மேல்தட்டுப் பிரயாணிகள். அவர்கள் சீட்டில் இருக்கை எண் கிடையாது. முந்தி ஏறிப் பாய் விரித்தவனுக்கே இடம். ஏறும் உரிமையைத் தான் சீட்டு தந்தது. அமரும் இடத்தை அவரவர் முயற்சிக்கு விட்டுவிட்டது.

இனி வானுக்கு வருவோம். நம் நாட்டில் இணைப்புப் பிரயாணத்தின் வசதியை முதலில் அனுபவித்தது மனிதனன்று, கடிதமே. இலண்டனிலிருந்து வந்த விமானத் தபாலைக் கராச்சியில் ஏற்றுக்கொண்டு, 1932-ஆம் ஆண்டு அக்டோபர் 15-ஆம் நாள் ஜே.ஆர்.டி. டாட்டா பம்பாய் வரை ஓட்டி வந்தார். அங்கிருந்து நெவில் வின்சென்ட் பல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டு சேர்த்தார். இன்று கர்நாடகத்தைச் சேர்ந்த பல்லாரி, அன்று சென்னை மாகாணத்தில் இருந்தது.

பெங்களூரின் விமானத் தொழிலுக்கு வித்திட்டவர் ஒரு கப்பல் முதலாளி என்பது சுவையான செய்தி. 1919-ஆம் ஆண்டில் ‘லாயல்டி’ என்னும் கப்பலை பம்பாயிலிருந்து இலண்டனுக்குச் செலுத்திய சிந்தியா கம்பெனியை நடத்தியவர்களுள் ஒருவர் வால்சந்த் ஹீராசந்த். அவரே 1940-ஆம் ஆண்டு டிசம்பரில், மைசூர் சமஸ்தானத்தின் துணையோடு இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலையைப் பெங்களூரில் நிறுவினார். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் நீரிலும் இறங்க வல்ல கேட்டலினா விமானங்கள் பழுதுபார்ப்பதற்காக இங்கு வந்தன. அவை இறங்கிய இடம் பெல்லந்தூர் ஏரி. கப்பலும் விமானமும் ஒன்றேயான ஊர்தியைக் கடலில்லாத இந்நகரம் அன்று கண்டது.

விமானப் பிரயாணம் பரவிய பின்னர், கையால் எழுதிய சீட்டுப் புத்தகமும், விமான நிலையத்தில் கிழித்துக் கொடுக்கும் ஏறுசீட்டும் நெடுங்காலம் வழங்கின. தொடர் பிரயாணம் செய்வோர் 72 மணி நேரத்திற்கு முன்னதாகத் தம் இடத்தை மறுமுறை உறுதி செய்ய வேண்டும் என்ற விதி பல நிறுவனங்களில் இருந்தது. எனினும் ஏறுசீட்டைத் தயார் செய்வது நிறுவனத்தாரின் வேலையாகவே இருந்தது.

இந்நிலை மாறியது அண்மையிலேதான். 1999-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் அலாஸ்கா விமான நிறுவனம், பிரயாணிகள் இணையத்தின் வழியே தாமே ஏறுசீட்டை எடுத்துக்கொள்ளும் வழக்கத்தைத் தொடங்கியது. 2003-ஆம் ஆண்டு ஆகஸ்டில் பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்டு கேப்டன் கோபிநாத் தொடங்கிய ‘ஏர் டெக்கான்’ குறைந்த கட்டணத்தில் விமானங்களை இயக்கியது. அதன் ஏறுசீட்டில் இருக்கை எண் இல்லை. ரஜுலாவின் மேல்தட்டைப் போலவே, முந்தியவருக்கே சன்னலோரம். 2008-ஆம் ஆண்டு மே 24-ஆம் நாள் தேவனஹள்ளியில் புதிய விமான நிலையம் திறக்கப்பட்டது. அடுத்த ஒரு வாரத்தில், ஜூன் முதல் நாளன்று, பன்னாட்டு விமானப் போக்குவரத்துச் சங்கம் காகிதப் பிரயாணச் சீட்டுக்கு விடை கொடுத்தது.

2020-ஆம் ஆண்டு மே மாதத்தில், கொரோனா நோயின் காரணமாக நிறுத்தப்பட்டிருந்த உள்நாட்டு விமானங்கள் மீண்டும் பறந்தபோது, இணையத்தில் வருகைப் பதிவு கட்டாயமாக்கப்பட்டது. நோய்க் காலத்தில் அது தக்கதே. ஆனால் அதனைத் தொடர்ந்து, நிலையத்தின் கவுண்டரில் வந்து ஏறுசீட்டுக் கேட்டவரிடம் சில நிறுவனங்கள் 200 ரூபாய் வசூலித்தன. போட் மெயில் காலத்தில் ஊர்தியாளர் தோளில் இருந்த பொறுப்பு பிரயாணியின் தோளுக்கு மாறியதோடன்றி, அதனைச் சுமக்க இயலாதவர் மீது அபராதமும் விழுந்தது. கைபேசியைக் கையாளத் தெரியாத முதியோருக்கும், நடுக்கடலில் தொடர்பற்றிருப்போருக்கும் இது எத்துணை அநீதி! 2022-ஆம் ஆண்டு ஜூலையில் மத்திய விமானப் போக்குவரத்து அமைச்சகம், கவுண்டரில் ஏறுசீட்டு வழங்குவதற்குத் தனிக் கட்டணம் கேட்கலாகாது என்று அறிவித்தது. இவ்வுரிமையைப் பிரயாணிகள் யாவரும் அறிந்திருத்தல் நலம்.

அதே ஆண்டு டிசம்பர் முதல் நாள் பெங்களூர், டில்லி, வாரணாசி நிலையங்களில் ‘டிஜி யாத்ரா’ என்னும் ஏற்பாடு தொடங்கிற்று. இதில் பிரயாணியின் முகமே சீட்டாகிறது. வரிசையில் நிற்கும் நேரம் குறைவது உண்மை. இது விரும்புவோர்க்கு மட்டுமே என்று அரசு கூறியுள்ளது. அச்சொல் காக்கப்பட வேண்டும். கழுத்தில் வில்லை கட்டியவனை அடையாளம் கண்டுகொள்வது எளிதாயிருந்தது. அதனால் அவன் சுதந்திரன் ஆகிவிடவில்லை என்பதைத் தமிழர் மறத்தல் ஆகாது.

கப்பலில் செல்லும் நேயர்களுக்கு இவ்வரலாறு சில நடைமுறைப் பாடங்களையும் தருகிறது. விமானப் பதிவெண்ணைக் கைபேசியில் மட்டும் நம்பி வைக்காமல், தாளிலும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வருகைப் பதிவு தொடங்கும் நேரத்தில் கப்பல் எங்கே இருக்கும் என்பதை முன்னரே கேட்டறியுங்கள். துறைமுகத்தில் நின்றால் அங்கேயே முடிக்கலாம்; இல்லையேல் கப்பலின் வரவேற்பு மேசையை நாடலாம்; கரையில் உள்ள உறவினரிடம் பதிவெண்ணைத் தந்து செல்வதும் நன்றே. எதுவும் இயலாதபோது, விமான நிலையக் கவுண்டர் உண்டு. ஆயின் உள்நாட்டு விமானங்களுக்கு அது பொதுவாக ஒரு மணி நேரம் முன்னதாக மூடப்படும். கப்பல் தாமதிப்பதும் சுங்கச் சோதனை நீள்வதும் இயல்பு. ஆதலின் காலையில் கரை சேர்வோர் மாலை விமானத்தைக் கொள்வதே அறிவுடைமை. போட் மெயிலில் கப்பலின் நேரமும் ரயிலின் நேரமும் ஒன்றையொன்று அறிந்திருந்தன. இன்றைய கப்பலும் விமானமும் ஒன்றையொன்று அறியா.

அட்டை தகரமாயிற்று, தகரம் காகிதமாயிற்று, காகிதம் கைபேசியில் ஒளிரும் கட்டமாயிற்று, இப்போது முகமே சீட்டாகிறது. வடிவம் எதுவாயினும், சீட்டு பிரயாணிக்குத் துணை நிற்கிறதா, பிரயாணி சீட்டுக்குச் சேவகம் செய்கிறானா என்பதே கேட்கத்தக்க கேள்வி. ஊர் விட்டு ஊர் சென்று வாழும் நம் மக்கள் இக்கேள்வியை ஒவ்வொரு தலைமுறையிலும் கேட்டே தீர வேண்டும்.