மெல்போர்னா, சிட்னியா? - இரண்டு நகரங்களின் மைதானக் கதை

ஆஸ்திரேலியாவின் தலைநகரம் எது? பாதிப் பேர் சட்டென்று "சிட்னி" என்பார்கள். கொஞ்சம் பேர் "மெல்போர்ன்" என்பார்கள். இரண்டுமே தவறு. கான்பெரா!

இந்தக் குழப்பத்துக்குப் பின்னால் ஒரு பழைய சண்டை இருக்கிறது. 1901-ல் ஆறு காலனிகள் சேர்ந்து ஒரே நாடானபோது, தலைநகரை மெல்போர்னுக்குக் கொடுக்க சிட்னிக்கு மனமில்லை. சிட்னிக்குக் கொடுக்க மெல்போர்னுக்கும் மனமில்லை. கடைசியில் ஒரு சமரசம் செய்து அதை அரசியல் சட்டத்திலேயே எழுதி வைத்தார்கள். தலைநகரம் சிட்னி இருக்கும் நியூ சவுத் வேல்ஸில் அமையும்; ஆனால் சிட்னியிலிருந்து குறைந்தது 100 மைல் தள்ளி இருக்கும்; அது தயாராகும் வரை பாராளுமன்றம் மெல்போர்னில் கூடும். 1927 வரை அப்படித்தான் நடந்தது.

இதே போட்டி விளையாட்டு மைதானங்களிலும் நூற்றைம்பது வருடங்களாக நடக்கிறது. எது பெரியது, எது அழகானது, எங்கே வசதி அதிகம் என்று இரண்டு ஊர்க்காரர்களும் சளைக்காமல் வாதிடுவார்கள். ஆனால் இந்த வரலாற்றைக் கொஞ்சம் கவனித்துப் படித்தால் வேறொரு கேள்விதான் முக்கியமாகத் தெரிகிறது. மைதானம் ஊரில் எங்கே இருக்கிறது? மக்கள் அங்கே எப்படிப் போய்ச் சேருகிறார்கள்?

ரயில் துரத்திய கிளப்

மெல்போர்ன் கிரிக்கெட் கிளப் 1838-ல் தொடங்கியது. ஊர் உருவாகி மூன்று வருடம்தான் ஆகியிருந்தது! 1850களில் ஆஸ்திரேலியாவின் முதல் நீராவி ரயிலுக்குப் பாதை போட்டபோது, அது கிளப்பின் மைதானத்தின் வழியாகப் போக வேண்டியிருந்தது. கிளப் இடத்தைக் காலி செய்தது. 1853-ல் நகர மையத்துக்கு அருகிலேயே, யாரா பூங்காவில் அரசு ஒரு புது இடம் கொடுத்தது. அதுதான் இன்றைய மெல்போர்ன் கிரிக்கெட் மைதானம், சுருக்கமாக எம்.சி.ஜி.

வேடிக்கை என்னவென்றால், கிளப்பைத் துரத்திய ரயிலே பிற்பாடு அந்த மைதானத்தை வாழவைத்தது. மைதானத்தின் இரண்டு பக்கமும் ரிச்மண்ட், ஜாலிமாண்ட் என்று நடந்து போகும் தூரத்தில் இரண்டு ரயில் நிலையங்கள். டிராம் வசதியும் உண்டு. நகர மையத்திலிருந்து நடந்தே போய்விடலாம்.

1858-ல் டாம் வில்ஸ் என்ற கிரிக்கெட் வீரர் பத்திரிகைக்கு ஒரு கடிதம் எழுதினார். குளிர்காலத்தில் கிரிக்கெட் வீரர்கள் உடம்பைத் தளரவிடாமல் இருக்க ஒரு கால்பந்துக் கழகம் வேண்டும் என்பது அவர் யோசனை. 1859-ல் விதிகள் எழுதப்பட்டன. "ஆஸ்திரேலிய ரூல்ஸ்" என்ற ஆட்டம் பிறந்தது. இந்த ஆட்டத்துக்கும் கிரிக்கெட் போலவே பெரிய முட்டை வடிவ மைதானம் போதும். கோடையில் கிரிக்கெட், குளிர்காலத்தில் கால்பந்து என்று ஒரே புல்தரையும் ஒரே பார்வையாளர் மாடமும் வருடம் முழுவதும் உழைத்தன. டிக்கெட் காசு வருடம் முழுவதும் வந்ததால் மாடங்களை மேலும் மேலும் கட்ட முடிந்தது. 1970-ல் கால்பந்து இறுதிப் போட்டிக்கு வந்த கூட்டம் 1,21,696 பேர்!

சிட்னியின் அழகு

1877-ல் உலகின் முதல் டெஸ்ட் எம்.சி.ஜி-யில் நடந்தது. 1882-ல் சிட்னி கிரிக்கெட் மைதானத்திலும் (எஸ்.சி.ஜி) டெஸ்ட் கிரிக்கெட் தொடங்கிவிட்டது. அழகு என்று பார்த்தால் சிட்னிக்குத்தான் முதல் பரிசு. 1886-ல் கட்டிய உறுப்பினர் மாடமும், 1896-ல் கட்டிய பெண்கள் மாடமும் பச்சைக் கூரையோடும் இரும்பு வேலைப்பாடுகளோடும் இன்றும் நிற்கின்றன. மெல்போர்னிலோ பழையதை எல்லாம் இடித்துவிட்டார்கள். அங்கிருந்த பழைய ஸ்கோர்போர்டு கூட இப்போது கான்பெராவில் இருக்கிறது.

எஸ்.சி.ஜி-யின் இன்னொரு பெருமை "தி ஹில்" என்ற புல் மேடு. மலிவு டிக்கெட்காரர்களின் இடம். முயல் விற்றுப் பிழைத்த ஸ்டீபன் கேஸ்கோயின் என்பவர் இங்கிருந்துதான் வீரர்களைப் பார்த்துக் கிண்டல் அடிப்பார். "யாபா" என்று சொன்னால் எல்லோருக்கும் தெரியும். 1942-ல் காலமான அவருக்கு 2008-ல் மைதானத்திலேயே ஒரு வெண்கலச் சிலை வைத்தார்கள். பார்வையாளர் ஒருவருக்குச் சிலை! ஆனால் அந்த மேடு இன்று இல்லை. அங்கே நாற்காலிகள் வந்துவிட்டன.

சிட்னிக்கு இருந்த சிக்கல் வேறு. அந்த ஊரின் குளிர்கால ஆட்டம் ரக்பி. 1908 முதல் ரக்பி லீக். அதற்கு வேண்டியது செவ்வக மைதானம். முட்டை வடிவ மைதானத்தின் நடுவில் செவ்வகம் போட்டு ஆடினால் பார்வையாளர்கள் எங்கோ தூரத்தில் உட்கார வேண்டும். அதனால் 1988-ல் எஸ்.சி.ஜி-க்குப் பக்கத்திலேயே சிட்னி கால்பந்து மைதானத்தைத் தனியாகக் கட்டினார்கள். மெல்போர்னில் ஒரு மைதானம் செய்த வேலைக்குச் சிட்னியில் இரண்டு தேவைப்பட்டது.

1961 பிப்ரவரி

ஒரே மாதத்தில் நடந்த இரண்டு சம்பவங்களைப் பாருங்கள்.

1961 பிப்ரவரி 11 அன்று, வெஸ்ட் இண்டீஸ் தொடரின் கடைசி டெஸ்டைப் பார்க்க எம்.சி.ஜி-க்கு 90,800 பேர் வந்தார்கள். அதே மாதம் 25-ஆம் தேதி சிட்னியில் கடைசி டிராம் ஓடியது. "கார் யுகம் வந்துவிட்டது, டிராம் பழசு" என்று தண்டவாளங்களை மூடிவிட்டார்கள். எஸ்.சி.ஜி இருக்கும் மூர் பார்க்குக்கு அதுவரை கூட்டத்தைக் கொண்டுவந்து சேர்த்தது டிராம்தான். 1979-ல் கிழக்குப் புறநகர் ரயில் பாதை வந்தது. அதுவும் மூர் பார்க் பக்கம் வராமல் வடக்கே போய்விட்டது. சென்ட்ரல் ஸ்டேஷனில் இறங்கி நடக்க வேண்டும், அல்லது பஸ்ஸில் நெருக்கியடித்து வர வேண்டும். 2019 டிசம்பரில் புதிய இலகு ரயில் வந்தபோதுதான் மூர் பார்க்குக்கு மீண்டும் தண்டவாளம் கிடைத்தது. கிட்டத்தட்ட 59 வருட இடைவெளி!

மெல்போர்ன் தன் டிராம்களை மூடவில்லை. உலகின் மிகப் பெரிய டிராம் வலைப்பின்னல்களில் ஒன்று அந்த ஊரில்தான் இருக்கிறது.

மெல்போர்ன் செய்த தவறு

அப்படியென்றால் மெல்போர்ன்காரர்கள் எல்லாம் தீர்க்கதரிசிகளா? இல்லவே இல்லை.

விக்டோரியா கால்பந்து லீக்குக்கு எம்.சி.ஜி-யின் பிடியிலிருந்து விடுபட வேண்டும் என்று ஆசை. நகர மையத்திலிருந்து 20 கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி, வேவர்லி என்ற இடத்தில் சொந்தமாக மைதானம் கட்டி 1970-ல் திறந்தார்கள். திட்டம் 1,57,000 பேருக்கு. கட்டி முடித்தது ஏறக்குறைய அதில் பாதிக்குத்தான். சுற்றிலும் பிரம்மாண்டமான கார் நிறுத்துமிடம். ரயில் பாதை வரும் என்று சொன்னார்கள். வரவே இல்லை. ஆட்டம் முடிந்து காரை வெளியே எடுப்பதே தனி ஆட்டம்! போதாக்குறைக்கு அந்தப் பகுதியில் குளிரும் மழையும் அதிகம்.

வேவர்லியைப் பற்றி ஒரு நல்ல விஷயமும் சொல்ல வேண்டும். 1977-ல் கெர்ரி பேக்கர் வீரர்களை விலைக்கு வாங்கி "உலக சீரிஸ்" கிரிக்கெட் தொடங்கியபோது எம்.சி.ஜி அவருக்குக் கிடைக்கவில்லை. அவர் போன இடம் வேவர்லி. வேறிடத்தில் வளர்த்த ஆடுகளத்தைக் கொண்டுவந்து பதித்தார். விளக்கு வெளிச்சத்தில் இரவு ஆட்டமும் நடத்தினார். அடுத்த ஆண்டு, 1978 நவம்பரில், எஸ்.சி.ஜி-யில் விளக்குக் கம்பங்கள் எழுந்தன. முதல் இரவே கூட்டம் அலைமோதியது. இந்த விஷயத்தில் சிட்னி முந்திக்கொண்டது. எம்.சி.ஜி-க்கு விளக்கு வர 1985 ஆனது. அந்த விளக்குகளின் கீழே நடந்த முதல் போட்டித் தொடரின் இறுதியாட்டத்தில்தான், 1985 மார்ச் 10 அன்று, கவாஸ்கரின் இந்திய அணி பாகிஸ்தானை வென்றது. சென்னையின் எல்.சிவராமகிருஷ்ணன் அந்த அணியில் சுழற்பந்து வீசினார்.

வேவர்லிக்கு 1999-ல் விடை கொடுத்தார்கள். இன்று அங்கே வீடுகள். ஒரு மாடம் மட்டும் நினைவுச் சின்னம் போல மிச்சம்.

தவறு செய்வது பெரிய விஷயமில்லை. அதிலிருந்து கற்றுக்கொண்டார்களா என்பதுதான் கேள்வி. மெல்போர்ன் கற்றுக்கொண்டது. 2000-ல் வேவர்லிக்குப் பதிலாக டாக்லேண்ட்ஸ் மைதானம் திறந்தது. நகரின் முக்கிய ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், மூடித் திறக்கும் கூரையோடு! அந்த ஆகஸ்டில் ஆஸ்திரேலியாவும் தென்னாப்பிரிக்காவும் கூரைக்கு அடியில் ஒருநாள் போட்டி ஆடின. சர்வதேச கிரிக்கெட்டில் அதுவே முதல் முறை.

டென்னிஸ் கதையும் இதே மாதிரிதான். 1987 வரை ஆஸ்திரேலிய ஓப்பன் கூயோங் கிளப்பின் புல் தரையில் நடந்தது. 1988-ல் எம்.சி.ஜி-க்குப் பக்கத்திலேயே, ரயில் பாதை ஓரமாக, திறந்து மூடும் கூரையோடு புது அரங்கம் கட்டி மாற்றினார்கள். முந்தைய வருடம் சுமார் 1,40,000 ஆக இருந்த பார்வையாளர் எண்ணிக்கை சுமார் 2,66,000 ஆகியது. 2010-ல் அதற்கு அருகிலேயே செவ்வக மைதானமும் வந்தது. இப்போது கிரிக்கெட், கால்பந்து, டென்னிஸ், ரக்பி எல்லாமே ஒரே நடைபாதையில்.

இரண்டு ஒலிம்பிக்

1956 ஒலிம்பிக்கை மெல்போர்ன் ஒரே ஒரு ஓட்டு வித்தியாசத்தில் பியூனஸ் அயர்ஸிடமிருந்து தட்டிச் சென்றது. பிறகு எந்த மைதானத்தில் நடத்துவது என்று வருடக்கணக்கில் சண்டை. கடைசியில் இருந்த எம்.சி.ஜி-யையே விரிவாக்கினார்கள். அங்கே மூன்று தங்கம் வென்றவர் பெட்டி கத்பர்ட். அவர் சிட்னிப் பெண்!

2000 ஒலிம்பிக்கைச் சிட்னி இரண்டே ஓட்டில் பெய்ஜிங்கை முந்திப் பெற்றது. நகர மையத்திலிருந்து சுமார் 15 கிலோமீட்டர் மேற்கே ஹோம்புஷ். இறைச்சிக்கூடம், செங்கல் குழி, குப்பைமேடு என்று கிடந்த நிலம். அதைச் சுத்தம் செய்து 1,10,000 பேர் உட்காரும் மைதானத்தைக் கட்டினார்கள். இந்த முறை ரயில் நிலையத்தை மறக்கவில்லை. 1998-லேயே திறந்துவிட்டார்கள். செப்டம்பர் 25 இரவு 400 மீட்டரில் கேத்தி ஃப்ரீமன் தங்கம் வென்றபோது உள்ளே இருந்தது 1,12,524 பேர். அவர் அப்போது வசித்தது மெல்போர்னில்! கணக்கு நேராகிவிட்டது.

ஒலிம்பிக் முடிந்தது. நாற்காலிகளைக் குறைத்து சுமார் 83,000 ஆக்கினார்கள். பெரிய ஆட்டம் இருந்தால் ஹோம்புஷ் நிறையும். சாதாரண வாரத்தில் பத்தாயிரம் பேர் வந்தால் காலி நாற்காலிகள்தான் கண்ணில் படும். சிட்னியின் ரக்பி ரசிகர்களுக்கு லெய்க்கார்ட், புருக்வேல் போன்ற சின்னச் சின்ன உள்ளூர் மைதானங்கள் மேல்தான் பாசம். மெல்போர்ன் கிளப்புகள் தங்கள் பழைய உள்ளூர் மைதானங்களை விட்டுவிட்டுப் பெரிய மைதானங்களுக்கு மாறிவிட்டன. அதில் வசதி உண்டு. ஆனால் தெருமுனையில் இருந்த சொந்த மைதானத்தை இழந்த வருத்தமும் பழைய ரசிகர்களுக்கு உண்டு.

யார் பணம்?

2017-ல் நியூ சவுத் வேல்ஸ் அரசு ஓர் அறிவிப்பு செய்தது. மூர் பார்க் கால்பந்து மைதானம், ஹோம்புஷ் மைதானம் இரண்டையும் இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டப் போகிறோம். செலவு 200 கோடி டாலருக்கும் மேல். முதலாவதற்கு வயது 30 கூட ஆகவில்லை. இரண்டாவதற்கு 20 கூட ஆகவில்லை! பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் கட்டாமல் எதற்கு ஸ்டேடியம் என்று மக்கள் கொதித்தார்கள். ஹோம்புஷ் திட்டத்தைப் புதுப்பிப்பு வேலையாகக் குறைத்தார்கள். 2019 மார்ச் தேர்தலில் இதுவே ஒரு பெரிய விவாதம். அரசு ஜெயித்துவிட்டது. மூர் பார்க்கில் புது மைதானம் 2022 ஆகஸ்டில் திறந்தது. ஹோம்புஷ் வேலையை மட்டும் கொரோனா வந்ததும் 2020 மே மாதத்தில் கைவிட்டார்கள்.

மெல்போர்னும் சும்மா இருக்கவில்லை. 1992-ல் பெரிய தெற்கு மாடம், 2006 காமன்வெல்த் போட்டிக்காக வடக்குப் பக்கம் முழுவதும் என்று எம்.சி.ஜி-க்குக் கோடி கோடியாகச் செலவழித்தது. ஆனால் அந்த மாடங்கள் கோடை, குளிர் இரண்டிலும் நிறைகின்றன. 2022 செப்டம்பர் கால்பந்து இறுதிப் போட்டிக்கு 1,00,024 பேர். ஆடிய அணிகளில் ஒன்று சிட்னி ஸ்வான்ஸ். அதுவும் 1982-ல் சிட்னிக்குக் குடிபெயர்ந்த பழைய தெற்கு மெல்போர்ன் அணிதான்! அடுத்த மாதம் இந்தியா - பாகிஸ்தான் டி20 ஆட்டத்துக்கு 90,293 பேர்.

ஆக, யார் ஜெயித்தது? அழகுக்கும் பழைமைக்கும் சிட்னி. தினசரிப் பயனுக்கு மெல்போர்ன். காங்கிரீட்டையும் கூரையையும் பணம் இருந்தால் எந்த ஊரும் கட்டிவிடலாம். நகரின் நடுவே ஒரு பூங்காவை விற்காமல் வைத்திருப்பதும், பழசு என்று தண்டவாளத்தைப் பிடுங்காமல் இருப்பதும் அதைவிடக் கஷ்டம். பிடுங்கிய தண்டவாளத்தைத் திரும்பப் போட ஒரு ஊருக்கு 59 வருடம் ஆனது என்பதை, அடுத்த முறை எங்காவது "ஊருக்கு வெளியே நூறு ஏக்கரில் சர்வதேச ஸ்டேடியம்" என்ற அறிவிப்பைப் படிக்கும்போது ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். முதலில் கேட்க வேண்டிய கேள்வி, "எத்தனை பேர் உட்காரலாம்?" என்பதா, "ஆட்டம் முடிந்து எல்லோரும் எப்படி வீட்டுக்குப் போவார்கள்?" என்பதா?