பாலைவனத்தில் வாய் திறந்தவர்கள்

அந்தோணியாரின் சோதனை என்ற காட்சியை ஐரோப்பிய ஓவியர்கள் திரும்பத் திரும்பத் தீட்டியிருக்கிறார்கள். போஷ் வரைந்தார், குரூனேவால்ட் இசன்ஹைம் பீடத்துக்காக 1512க்கும் 1516க்கும் இடையில் வரைந்தார். ஒரு கிழவர், அவரைப் பிய்த்தெடுக்கும் கொம்பும் அலகும் முளைத்த பசாசுகள், பக்கத்தில் நிற்க ஒரு மனிதர்கூட இல்லை. தமிழ்நாட்டுக் கத்தோலிக்கர் வனத்து அந்தோணியார் என்று ஜனவரி 17ஆம் நாள் திருவிழா எடுப்பது இந்தக் கிழவருக்குத்தான். கோடி அற்புதர் எனப்படும் பதுவை அந்தோணியார் இவருக்குப் பல நூற்றாண்டு பிந்தியவர். ஓவியங்கள் பதியவைத்த எண்ணம் இன்றுவரை பிரசங்க மேடைகளில் வாழ்கிறது: சோதனை வரும்போது விசுவாசி தனியாக நிற்கிறான், விசுவாசம் வலுவாக இருந்தால் வெல்கிறான், இல்லாவிட்டால் விழுகிறான். நான்காம் நூற்றாண்டு எகிப்தியப் பாலைவனத்துத் துறவிகள் விட்டுச்சென்ற எழுத்துகளைப் படித்தால் இதற்கு நேர்மாறான ஒன்று தெரிகிறது. அங்கே சோதனையை வெல்லும் வழி, அதை இன்னொருவரிடம் வாய்விட்டுச் சொல்வதாக இருந்தது. விசுவாசம் அவர்களுக்கு முதலில் கொடுத்தது வலிமையை அல்ல, சொல்லிவிடும் துணிவை.

இடத்தைப் பற்றி முதலில் தெளிவு வேண்டும். பாலைவனம் என்றதும் ஆளில்லாக் காடு என்று நினைத்துவிடுகிறோம். நைல் டெல்டாவின் மேற்கு ஓரத்தில் அமோன் தொடங்கிய நித்ரியாவில் 5,000 துறவிகள் இருந்ததாகவும், அவர்களுக்கும் உள்பாலைவனத்தில் இருந்த 600 பேருக்கும் 7 ரொட்டிக்கூடங்கள் ரொட்டி சுட்டதாகவும், அங்கே வாழ்ந்த பல்லாதியுஸ் ஏறக்குறைய 420ஆம் ஆண்டில் எழுதிய நூலில் சொல்கிறார். எண்ணிக்கையில் மிகை இருக்கலாம். ரொட்டிக்கூடங்களை யாரும் கற்பனை செய்யத் தேவையில்லை. கோவிலருகே மூன்று ஈச்சமரங்கள் நின்றன, ஒவ்வொன்றிலும் ஒரு சாட்டை தொங்கியது என்கிறார்: ஒன்று தவறிய துறவிக்கு, ஒன்று திருடனுக்கு, ஒன்று வந்துபோகிறவர்களில் குற்றம் செய்தவனுக்கு. தேவதூதர்கள் வாழும் ஊரில் சாட்டை எதற்கு? அவர் இதை மறைக்கவில்லை என்பதாலேயே மற்றவற்றையும் நம்பத் தோன்றுகிறது. இன்னும் தனிமை வேண்டியவர்கள் தெற்கே கெல்லியாவுக்குப் போனார்கள். அங்கே ஒரு குடிலின் சத்தம் மறு குடிலுக்குக் கேட்காது. அவர்களும் சனி, ஞாயிறில் கோவிலில் கூடினார்கள். ஈச்ச ஓலையில் கூடையும் கயிறும் பின்னி விற்றார்கள். சிலர் அறுவடைக் காலத்தில் கூலிக்குப் போனார்கள். 1960களிலிருந்து பிரெஞ்சு, சுவிஸ் ஆய்வாளர்கள் கெல்லியாவைத் தோண்டியபோது கிடைத்த குடில்களில் வழக்கமான அமைப்பு, மூத்தவர் ஒருவருக்கும் சீடர் ஒருவருக்குமான அறைகள். அந்தக் கட்டடங்களில் பெரும்பாலானவை பிந்திய நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை என்றாலும், தனிக்குடில் என்று பெயர் எடுத்த இடத்தில் சுவர்கள் இருவருக்காக எழுப்பப்பட்டிருக்கின்றன.

இந்தக் கெல்லியாவில்தான் எவாக்ரியுஸ் வாழ்ந்தார். கருங்கடல் கரையோரப் பொந்துஸ் நாட்டில் ஏறக்குறைய 345இல் பிறந்தவர். நசியான்சு கிரகோரியாரிடம் தியாக்கோன் பட்டம் பெற்று, கான்ஸ்டாண்டிநோபிளில் வாதத் திறமையால் பேர் வாங்கினார். அங்கே மணமான உயர்குலப் பெண் ஒருத்தியுடன் காதல் மூண்டது. தப்பி ஓடுவதாகக் கனவில் நற்செய்தி நூலின்மேல் சத்தியம் செய்துவிட்டு எருசலேமுக்குக் கப்பலேறினார். எருசலேமில் பழைய பகட்டு திரும்பியது, கூடவே மாதக்கணக்கில் காய்ச்சல். மருத்துவர்களுக்குப் பிடிபடாத அந்த நோயை ஒலிவ மலையில் மடம் நடத்திய மெலானியா என்ற பெண் துறவி கண்டுபிடித்தார். மனதில் இருப்பதைச் சொல் என்று அவர் வற்புறுத்த, எவாக்ரியுஸ் எல்லாவற்றையும் கொட்டினார். சில நாளில் குணமாகி எகிப்துக்குப் போனார். சோதனையைப் பற்றிக் கிறிஸ்தவ உலகுக்கு முதல் இலக்கணம் எழுதியவரின் திருப்பம், ஒரு பெண்ணிடம் உண்மை சொன்னதில் நேர்ந்தது. நித்ரியாவில் இரண்டு ஆண்டு, கெல்லியாவில் பதினான்கு ஆண்டு, பிரதி எழுதிப் பிழைத்து, 399இல் இறந்தார். சாவுக்குச் சற்று முன், உடலிச்சை தன்னைத் தொல்லை செய்யாமல் விட்டு இது மூன்றாம் ஆண்டு என்று சொன்னாராம். பதினாறு ஆண்டுப் பயிற்சியில் கடைசி மூன்று என்று கணக்குச் சொல்பவர் வீரக்கதை எழுதும் ஆள் அல்ல.

அவருடைய வேலை என்ன? மனதுக்குள் வரும் தீய எண்ணங்களை எட்டாக வகுத்தார்: போசனப்பிரியம், மோகம், பொருளாசை, துயரம், கோபம், சலிப்பு, வீண்பெருமை, அகங்காரம். எண்ணம் வருவது நம் கையில் இல்லை, அதைத் தங்கவிடுவதும் விடாததும்தான் நம் கையில் இருக்கிறது என்பது அவருடைய அடிப்படைக் கொள்கை. இது சாதாரணமாகத் தெரியலாம். ஆனால் தகாத நினைப்பு வந்ததாலேயே தான் கெட்டவன் என்று நம்பி ஒளிந்துகொள்பவனுக்கு இது விடுதலை. எந்த எண்ணம் எப்போது வருகிறது, எதைத் தொடர்ந்து எது வருகிறது என்று கவனித்துக் குறித்துக்கொள்ளச் சொன்னார். சலிப்பைப் பற்றி அவர் எழுதியதை இன்றைய அலுவலகத்தில் உட்கார்ந்தும் படிக்கலாம். பகலில் சூரியன் நகர மறுக்கிறது. துறவி சாப்பாட்டு நேரம் நெருங்கிவிட்டதா என்று சன்னலை எட்டிப் பார்க்கிறான். யாராவது வருகிறார்களா என்று தேடுகிறான். இந்த இடம் பிடிக்கவில்லை, இந்த வேலை பிடிக்கவில்லை, வேறு ஊருக்குப் போனால் எல்லாம் சரியாகும் என்று தோன்றுகிறது. நோயை இவ்வளவு அருகில் பார்த்தவர் அதற்குப் பேய் என்று பெயர் வைத்ததை மூடநம்பிக்கை என்று தள்ளுவது எளிது. அந்தப் பெயர் செய்த காரியத்தையும் பார்க்க வேண்டும்: எண்ணத்தை மனிதனிடமிருந்து பிரித்து எதிரே நிறுத்தியது, எதிரே நிற்பதைப் பற்றிப் பேசுவதில் வெட்கம் குறைவு.

பேசுவதற்கு ஆள் வேண்டும். எகிப்தில் பல ஆண்டு தங்கிப் பின்னர் மார்செய் நகரில் மடங்கள் நிறுவிய யோவான் காசியான் 420களில் எழுதிய உரையாடல்களில் இதற்கு மூன்று கதைகள் உண்டு. செராப்பியோன் சிறுவனாகத் தேயோனாஸ் என்ற மூத்தவரோடு இருந்தபோது, தினமும் சாப்பிட்டு எழும்போது ஒரு காய்ந்த ரொட்டியை அங்கிக்குள் மறைத்து எடுத்துப்போய் மாலையில் தின்பான். தின்றதன் இன்பத்தைவிடத் திருடியதன் வேதனை பெரிது. ஆனாலும் நிறுத்த முடியவில்லை. ஒருநாள் வந்திருந்த துறவிகளிடம் மூத்தவர் போசனப்பிரியத்தைப் பற்றியும் மறைத்த எண்ணங்களைப் பற்றியும் பேச, பையன் தேம்பி அழுது மடியிலிருந்த ரொட்டியை எடுத்து எல்லோர் முன்னும் வைத்தான். நீ வாய் திறந்ததே போதும், இனி இது உன்னை ஆளாது என்றார் மூத்தவர், அப்படியே ஆயிற்று. இரண்டாவது, மோகத்தால் அலைக்கழிந்த ஓர் இளைஞனின் கதை. கிழவர் ஒருவரிடம் அவன் சொன்னபோது, இப்படி நினைப்பவன் துறவி என்ற பெயருக்கே தகுதியற்றவன் என்று அவர் திட்டி அனுப்பினார். மனமுடைந்து ஊருக்குத் திரும்பிப் போனவனை வழியில் கண்ட அப்பா அப்போல்லோ, இந்த வயதிலும் எனக்கே இந்தத் தொல்லை உண்டு என்று சொல்லித் தடுத்தார். பிறகு கிழவரின் குடிலுக்கு வெளியே நின்று, அந்தச் சோதனை அவருக்கே வரட்டும் என்று செபித்தார். சற்று நேரத்தில் கிழவர் பித்துப் பிடித்தவராக அதே சாலையில் ஓடினார். மூன்றாவது ஹேரோன். ஐம்பது ஆண்டு கடும் நோன்பிருந்தவர். உயிர்த்தெழுந்த திருநாளில்கூடப் பிறரோடு உண்ண வரமாட்டார். யாரிடமும் எதையும் கேட்கமாட்டார். தேவதூதன் போல் வந்த பசாசின் பேச்சை நம்பிக் கிணற்றில் குதித்தார். மூன்றாம் நாள் இறந்தார், ஏமாந்ததைக் கடைசிவரை ஒப்புக்கொள்ளாமலே. மூன்றிலும் மனவலிமை மிகுந்தவர் ஹேரோன்தான். அழிந்ததும் அவர்தான்.

இதற்கு எதிராக வைக்கக்கூடிய முதல் சான்று அத்தனாசியார் எழுதிய அந்தோணியார் வரலாறு. 356இல் அந்தோணியார் இறந்த சில ஆண்டுகளுக்குள் எழுதப்பட்டது. மிலானில் 386ஆம் ஆண்டு அகுஸ்தினாரை உலுக்கியது அந்த வரலாறுதான். அதில் அவர் கல்லறையிலும் பாழடைந்த கோட்டையிலும் தனியாகப் போரிடுகிறார். ஓவியர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்த நூலையே முழுதாகப் படிக்க வேண்டும். நிலத்தை விற்றுக் கொடுத்த இளைஞர் முதலில் செய்தது, பக்கத்து ஊரில் தவம் செய்த முதியவரைப் போய்ப் பார்த்தது. பிறகு ஒவ்வொரு பக்தரிடமும் ஒவ்வொரு நற்குணத்தைக் கற்றுக்கொண்டது. முதிர்ந்த வயதில் அவர் சீடர்களுக்குக் கூறும் அறிவுரைகளில் ஒன்று, உங்கள் செயல்களையும் மனவோட்டங்களையும் ஒருவருக்கொருவர் சொல்லப்போவது போல எழுதி வையுங்கள் என்பது. பிறர் படிப்பார்கள் என்ற வெட்கம் பாவத்தைத் தடுக்கும் என்கிறார். தனிமையின் தலைவரே சக துறவிகளின் கண்ணுக்குப் பதிலாக எழுத்தை வைக்கச் சொல்கிறார் என்றால், அந்தக் கண் எவ்வளவு முக்கியமாக இருந்திருக்க வேண்டும்!

அடுத்த ஆட்சேபம் எதிர்ப்பக்கத்திலிருந்து வரும். இது வெறும் மனவியல்தானே, கடவுளை எடுத்துவிட்டாலும் வேலை செய்யுமே என்பார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. திட்டி அனுப்பிய கிழவரும் கேட்கத்தான் செய்தார்; அவரிடம் சொன்னதால் இளைஞன் குணமாகவில்லை, நொறுங்கினான். கேட்பவரும் பாவி, மன்னிப்பு இருவருக்கும் வெளியே ஓரிடத்திலிருந்து வருகிறது என்ற நம்பிக்கை இல்லாத இடத்தில் ஒப்புக்கொள்வது வேவு பார்ப்பதாக மாறிவிடும். முன்னாள் கொள்ளையனான அப்பா மோசே, தவறிய ஒரு துறவியை விசாரிக்கும் கூட்டத்துக்கு ஓட்டையான பாத்திரத்தைச் சுமந்து போனார். என் பாவங்கள் எனக்குப் பின்னால் ஒழுகுகின்றன, நான் அவனைத் தீர்ப்பிட வந்திருக்கிறேன் என்றார். இதை எந்தக் கவனிப்பு முறையும் கற்றுத்தராது. சோதனை நீங்க வேண்டும் என்றுகூட அம்மா சாரா பதின்மூன்று ஆண்டு மோகத்தோடு போராடியபோது செபிக்கவில்லை, பலம் தாரும் என்றே கேட்டார் என்கிறது மூத்தோர் வாக்குத் தொகுப்பு. எவாக்ரியுஸும் மறுமொழி நூல் ஒன்றில் எட்டு எண்ணங்களுக்கு எதிராக 498 பதில்களை விவிலியத்திலிருந்து தொகுத்தார். பாலைவனத்தில் இயேசு மூன்று முறையும் உபாகமத்திலிருந்து பதில் சொன்னதே அதற்கு முன்மாதிரி. பதில் அவனவன் சொந்தச் சொல்லாக இருக்க வேண்டியதில்லை. முன்னோர் சொல்லை வாங்கிக்கொள்ளலாம்.

இவர்களைப் புகழ்ந்தே போவது நேர்மையல்ல. பெண் என்றாலே கண்ணி என்று பேசும் கதைகள் அந்தத் தொகுப்புகளில் நிறைய உண்டு. அவற்றுக்குச் சமாதானம் சொல்ல நான் முயலவில்லை. அந்த வாக்குகள் வாய்வழியாக வந்து, பிறகே தொகுக்கப்பட்டவை என்பதையும் மறக்கக் கூடாது. ஆனால் திருத்தியமைத்தவர்கள் வீரத்தைக் கூட்டுவார்களே தவிர ரொட்டித் திருட்டையும் கிணற்றில் விழுந்த கிழவரையும் புதிதாகச் சேர்க்க மாட்டார்கள்.

பிற்கால வரலாறு இந்த வழக்கத்துக்கு நல்லதும் செய்தது, கெட்டதும் செய்தது. 400ஆம் ஆண்டு அலெக்சாந்திரியா ஆயர் தியோப்பிலுஸ், ஒரிஜன் என்ற இறையியலாளரின் கொள்கையைப் பின்பற்றுவதாகச் சொல்லி எவாக்ரியுஸின் தோழர்களை நித்ரியாவிலிருந்து விரட்டினார். 553இல் கான்ஸ்டாண்டிநோபிள் சங்கம் எவாக்ரியுஸையும் கண்டித்தது. மறுமொழி நூலின் கிரேக்க மூலம் அழிந்து, சிரியாக், அர்மேனிய மொழிகளில் தப்பியது. வேறு சில நூல்கள் நீலுஸ் என்ற புனிதரின் பெயரில் ஒளிந்து பிழைத்தன. காசியான் அந்த எட்டையும் மேற்கே கொண்டுபோனார், குருவின் பெயரை மட்டும் சொல்லவில்லை. பெரிய கிரகோரியார் ஆறாம் நூற்றாண்டின் இறுதியில் அகங்காரத்தை வேராக வைத்து, சலிப்பைத் துயரத்தில் அடக்கி, காய்மகாரத்தைச் சேர்த்து ஏழாக்கினார். ஞானோபதேச வகுப்பில் பிள்ளைகள் ஒப்பிக்கும் தலையான பாவங்கள் ஏழு அந்த வழியில் வந்தவை. இந்த மாற்றத்தில் நேர்ந்த நட்டம் எண்ணிக்கையில் இல்லை. எவாக்ரியுஸ் வகுத்தவை எண்ணங்கள், இன்னும் செயலாகாதவை, பேசித் தீர்க்கக்கூடியவை. பிற்காலப் பட்டியல் பாவங்களின் பட்டியல். 1215இல் நான்காம் லாத்தரன் சங்கம் ஆண்டுக்கொருமுறை பாவசங்கீர்த்தனத்தைக் கட்டாயமாக்கியபோது, எண்ணம் எழுந்த அன்றே மூத்தவரிடம் ஓடும் வழக்கம், செய்து முடித்த பாவத்துக்குக் கணக்குக் கொடுக்கும் சட்டமாயிற்று. கேட்பவர் குருவானவர் என்பதற்கு உத்தரவாதம் வந்தது. அவர் அப்போல்லோவாக இருப்பார் என்பதற்கு இல்லை.

நித்ரியா, கெல்லியா போலவே அந்தக் காலத்துத் துறவிகள் வாழ்ந்த இன்னொரு பாலைவனமான ஸ்கேத்திஸ் இன்று வாடி நத்ரூன் என்று அழைக்கப்படுகிறது. அங்கே நான்கு பழைய மடங்களில் காப்டிக் துறவிகள் இன்றும் வாழ்கிறார்கள். மக்காரியுஸ் மடத்தில் 1969இல் ஆறு முதியவர்களே மிஞ்சியிருந்தார்கள். மத்தா எல் மெஸ்கீன் என்ற துறவி பன்னிரண்டு பேருடன் வந்து அதை மீண்டும் எழுப்பினார். 2018 ஜூலையில் அதே மடத்தின் தலைவர் ஆயர் எப்பிபானியுஸ் மதிலுக்கு உள்ளேயே கொல்லப்பட்டார். குற்றம் நிரூபிக்கப்பட்ட ஒருவர் 2021இல் தூக்கிலிடப்பட்டார், அவரும் அங்கே துறவியாக இருந்தவர். கொலை நடந்த சில நாளில் காப்டிக் திருச்சபை, ஓராண்டுக்குப் புதியவர்களைத் துறவுக்கு ஏற்பதை நிறுத்தியது. துறவிகள் தங்கள் சமூக ஊடகக் கணக்குகளை ஒரு மாதத்துக்குள் மூட வேண்டும் என்றும் உத்தரவிட்டது. வெளியிலிருந்து வரும் சோதனைக்கு இந்த இரண்டும் தடையாகலாம். கெல்லியாவின் அனுபவத்தை வைத்துப் பார்த்தால், தடுக்கப்பட வேண்டியது வெளியிலிருந்து வந்ததாகத் தெரியவில்லை.