கட்டைக்கால் எழுத்தும் பிரிந்த உகரமும்

ஸ்லாப் செரிஃப் என்னும் அச்செழுத்து வகையை இனங்காண இரண்டு குறிகள் போதும். கோடுகள் ஏறத்தாழ ஒரே தடிமனில் ஓடும். முனைகளில் அதே தடிமனுள்ள கட்டைகள் கால்போல் பொருந்தியிருக்கும். இலண்டனில் வின்சென்ட் ஃபிகின்ஸ் 1815 அளவில் இதனை 'ஆன்டிக்' என்ற பெயரில் வெளியிட்டார். நெப்போலியனின் படையெடுப்பை அடுத்து எகிப்து மோகம் பரவியிருந்தமையால் 'எகிப்தியன்' என்ற பெயரும் ஒட்டிக்கொண்டது. எகிப்திய எழுத்தோடு இதற்கு உறவு ஏதுமில்லை. சுவரொட்டியும் லாட்டரி விளம்பரமும் இதன் தொடக்கக் களங்கள். (திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையின் லாட்டரிக் கடைகளைக் கண்டவர்களுக்கு இச்செய்தி தனிச்சுவை தரும்.) 1845-இல் ராபர்ட் பெஸ்லி வெளியிட்ட கிளாரண்டன், அகராதியின் தலைச்சொல்லைத் தடித்துக் காட்டும் பணியை ஏற்றது.

சீரான தடிமன் நம் எழுத்துகளுக்குப் புதிதன்று. கிழக்கேகோட்டை வாயிலைக் கடந்தால் பத்மநாபசுவாமி கோயில். அதன் மதிலகம் ஆவணங்கள் ஓலைச் சுருணைகளாகக் கேரள ஆவணக் காப்பகத்தில் உள்ளன. வட்டெழுத்து, மலையாண்மை முதலிய வரிவடிவங்களில் எழுதப்பட்டவை. எழுத்தாணி கீறும் கோட்டில் தடிப்பும் மெலிவும் மாறி மாறி வருவதில்லை. அது இறகுப்பேனாவின் குணம். பேனாவின் பழக்கத்தை உதறி இலத்தீன் எழுத்து அடைந்த சீர்மை, ஓலைக்கு இயல்பாகவே வாய்த்திருந்தது. கால்தான் பொருந்தாது. தமிழின் ப, ட போன்றவற்றில் கட்டையை ஒட்டவைக்க நேர்கோட்டு முனைகளேனும் உண்டு. மலையாளமோ பெரும்பாலும் வளைவில் தொடங்கி வளைவிலேயே முடிவது.

இந்தப் பொருந்தாமை அழகியல் அளவில் நின்றிருந்தால் எழுதுவதற்கு ஒன்றுமில்லை. தட்டச்சுப்பொறி வந்தபின் நிலைமை வேறாயிற்று. பொறியில் ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரே அகலம். ஆங்கிலத்தின் ஒல்லியான 'ஐ', 'எல்' ஆகியவற்றைச் சூழ விழும் வெற்றிடத்தைக் கட்டைக்கால்களே நிரப்பின, 1950-களில் ஐ.பி.எம். நிறுவனத்துக்காக ஹோவர்ட் கெட்லர் வரைந்த கூரியர் இதற்குத் தெளிவான சான்று. அதாவது பொறியின் நெருக்கடியை எழுத்தின் முனை தாங்கிக்கொண்டது. ஆங்கிலத்தின் எழுத்துமுறை மாறவில்லை.

மலையாளத்தில் தாங்க அப்படியொரு முனை இல்லை. மெய்யோடு பிணைந்த உகர, ஊகார, ரகரக் குறிகளையும் நூற்றுக்கணக்கான கூட்டெழுத்துகளையும் விசைப்பலகை கொள்ளவில்லை. 1971-இல் கேரள அரசின் ஆணை அக்குறிகளைப் பிரித்துத் தனியே நிறுத்தியது. கூட்டெழுத்துகள் பலவற்றையும் உடைத்தது. பொறிக்காக மாறியது இங்கே எழுத்துமுறையே. தமிழக அரசின் 1978-ஆம் ஆண்டு ஆணையோ ணா, றா, னா, லை போன்ற 13 வடிவங்களை மட்டுமே திருத்தியது. கு, மூ இன்றும் பிணைந்தே நிற்கின்றன. இரண்டையும் 'எழுத்துச் சீர்திருத்தம்' என ஒரே சொல்லால் குறிப்பது ஆய்வுக்கு உதவாது.

1999-இல் திருவனந்தபுரத்தில் உருவான 'ரசனா' இயக்கம் பழைய கூட்டெழுத்துகளைக் கணினி எழுத்துருவில் மீட்டது. தட்டச்சுப்பொறி அப்போது விடைபெற்றுக்கொண்டிருந்தது. பாடநூல் வழியே பிரிந்த உகரம் அதற்குள் கண்ணுக்குப் பழகிவிட்டிருந்தது.