எங்கள் வீட்டு முதற்பதிப்பு

போன சந்திப்பில், ராத்திரிச் சாப்பாடு முடிந்து விடுதி மொட்டை மாடியில் உட்கார்ந்திருந்தபோது, "எங்க வீட்டுல ஆறுமுக நாவலரோட பாலபாடம் முதற்பதிப்பே இருக்குடா, 1850-ஆம் வருஷத்துது" என்று நான் அளந்தது பலருக்கு நினைவிருக்கும். "அப்போ அடுத்த தடவை கொண்டுவந்து கண்காட்சியில வை" என்று பிடித்துக்கொண்டார்கள். வைப்பதற்கு முன்னால் ஒரு தடவை சரிபார்த்துவிடலாம் என்று இறங்கினேன். மெக்கானிக்கல்காரனுக்குப் பழைய புத்தகத்தில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். டிராயிங் கைக்கு வந்தால் முதலில் ரிவிஷன் நம்பரைப் பார் என்று நமக்குச் சொல்லிக்கொடுத்தது இதற்கும் பொருந்தத்தான் செய்கிறது.

நாவலர் 1822-இல் யாழ்ப்பாணத்து நல்லூரில் பிறந்தவர். 1848-இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். பள்ளிக்கூடம் வந்தால் புத்தகம் வேண்டுமே! மறுவருஷம் அச்சியந்திரம் வாங்கச் சென்னைக்குப் புறப்பட்டார். வழியில் திருவாவடுதுறை ஆதீனத்தில் கிடைத்ததுதான் 'நாவலர்' பட்டம். சென்னையிலேயே சூடாமணி நிகண்டு உரையையும் சௌந்தரியலகரி உரையையும் அச்சிட்டுவிட்டு, யந்திரத்தோடு ஊர் திரும்பி வித்தியாநுபாலன யந்திரசாலையை நிறுவினார். பாலபாடங்கள் 1850-ஐ ஒட்டி அங்கிருந்து வரத் தொடங்கின. பிறகு சென்னைத் தங்கசாலைத் தெருவிலும் அதே பெயரில் அச்சுக்கூடம் நடந்தது. 1879-இல் அவர் மறைந்த பின்னும் மறுபதிப்புகள் நிற்கவில்லை. நாவலர் பதிப்பு என்றால் பிழையிருக்காது என்ற பெயர் அப்படி.

தேடுகிறவனுக்குத் தலைவலியும் இதுதான். இரண்டு ஊர், ஒரே அச்சுக்கூடப் பெயர். முகப்பில் சென்னை என்று இருந்தால் பிந்தியது என்று தள்ளவும் முடியாது. முதல் நூல்களே சென்னையில் அச்சானவைதானே. 1867-இல் வந்த அச்சகச் சட்டத்துக்குப் பிறகு பிரிட்டிஷ் இந்தியாவில் அச்சிட்டவர் பெயரும் இடமும் நூலில் இருந்தாக வேண்டும். அரசாங்கப் பதிவேட்டில் எத்தனையாம் பதிப்பு, எத்தனை பிரதி, என்ன விலை என்பதுவரை எழுதி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை கெஜட்டில் பட்டியல் போட்டார்கள். பிந்திய நூல்களுக்கு அது பெரிய உதவி. முந்தியவற்றுக்குப் புத்தகத்தையேதான் விசாரிக்க வேண்டும்.

எங்கள் பிரதியின் முகப்பில் பதிப்பு எண் இருக்கவேண்டிய இடத்தைப் பூச்சி தின்றுவிட்டது. மிஞ்சியது 'சாதாரண வருஷம்' என்ற இரண்டு சொல். அப்பா இதை வைத்துத்தான் பஞ்சாங்கக் கணக்குப் போட்டு 1850 என்று சீட்டு எழுதி உள்ளே செருகியிருந்தார். கணக்கு தப்பில்லை. ஆனால் தமிழ் வருஷப் பெயர் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வரும். 1850-51 சாதாரண என்றால் 1910-11-உம் சாதாரணதான். காகிதத்தைத் தடவிப் பார்த்தேன், எழுத்தை லென்ஸ் வைத்துப் பார்த்தேன். என் கண்ணுக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

கடைசியில் காட்டிக்கொடுத்தது பின்பக்கம். அங்கே விற்பனைக்கு உள்ள நூல்களின் விளம்பரப் பட்டியல். அதில் திருக்குறள் பரிமேலழகருரை இருக்கிறது. நாவலர் அதைப் பதிப்பித்தது 1861-இல். 1850-இல் அச்சான புத்தகம் பதினோரு வருஷம் கழித்து வரப்போகிற நூலை எப்படி விற்கும்? ஆக 1910. அரை மணி நேர வேலை. எழுபது வருஷமாக வீட்டில் யாரும் கடைசிப் பக்கத்தைத் திருப்பவில்லை.

அப்பாவிடம் சொல்லத்தான் தைரியம் வரவில்லை. அந்தச் சீட்டு அவ்வளவு அழகான கையெழுத்து. இரண்டு வாரம் தள்ளிப்போட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காபி நேரத்தில் சொன்னேன். ஒன்றும் பேசவில்லை. புத்தகத்தை வாங்கி உள்ளட்டையில் பென்சிலால் கோணல்மாணலாக எழுதியிருந்த பெயரையே பார்த்துக்கொண்டிருந்தார். அது என் கொள்ளுத்தாத்தா பெயர். யாரோ முன்னோர் அவருக்குக் கொடுத்தது என்றே நினைத்திருந்தோம்.

"1910-ல எங்க தாத்தாவுக்கு எட்டு வயசு" என்றார் அப்பா. "அப்போ இது அவருக்குன்னே வாங்கினதுடா."

கண்காட்சியில் புத்தகம் இருக்கும். அட்டையில் 1910 என்றுதான் எழுதியிருக்கிறேன். பழைய சீட்டையும் பக்கத்திலேயே வைக்கச் சொல்லிவிட்டார் அப்பா.