ஒரு அணா படிப்பு

எங்க ரமணாசிரமம் பகுதியில் வளர்ந்த எல்லாருக்கும் மனப்பாடமா தெரிஞ்ச கதை ஒண்ணு இருக்கு. 1896 ஆகஸ்ட் 29, மதுரை. அமெரிக்கன் மிஷன் ஹைஸ்கூலில் படிச்சுக்கிட்டிருந்த வெங்கடராமன் என்கிற 16 வயசுப் பையன் வீட்டை விட்டுக் கிளம்புறான். அண்ணன் நாகசாமிக்கு காலேஜ் சம்பளம் கட்ட வச்சிருந்த 5 ரூபாயிலிருந்து 3 ரூபாயை மட்டும் ரயிலுக்கு எடுத்துக்கிறான். மீதி 2 ரூபாயோடு ஒரு கடிதம். அதில், சம்பளம் இன்னும் கட்டவில்லை என்கிற தகவலையும் மறக்காம எழுதி வச்சிட்டுத்தான் போறான். செப்டம்பர் 1 அன்னைக்கு திருவண்ணாமலை வந்து சேர்ந்த அந்தப் பையன்தான் ரமண மகரிஷி.

ஆன்மிகம் எழுதுறவங்க அந்த 3 ரூபாயைப் பத்தி நிறைய எழுதியாச்சு. எனக்கு என்னவோ அந்த 5 ரூபாய் மேலதான் கண்ணு. (அந்தக் காலத்தில் ஃபீஸுக்குப் பேரு சம்பளம். நாம வாங்குறதும் சம்பளம், கட்டினதும் சம்பளம்!) அப்பா இறந்து, சித்தப்பா வீட்டில் வளர்ந்த பிள்ளைகள். அவங்க படிப்புக்கு வீடு 5 ரூபாய் எடுத்து வைக்குது. சரி, சர்க்கார் எவ்வளவு எடுத்து வச்சது?

இதுக்கு ஒரு மனுஷன் கணக்கு போட்டுச் சொல்லியிருக்கார். கோபால கிருஷ்ண கோகலே. 1911 மார்ச்சில் கல்கத்தாவில் இருந்த இம்பீரியல் சட்டசபையில், ஆரம்பக் கல்வியைக் கட்டாயமாக்க ஒரு மசோதா கொண்டு வந்தார். அப்போ ஒவ்வொரு நாடும் மக்கள்தொகையில் தலைக்கு எவ்வளவு செலவு பண்ணுதுன்னு பட்டியல் போட்டார். இன்னைக்கு உலக வங்கி சைட்டில் தேடி எடுக்கிற மாதிரியான பட்டியலை, புள்ளிவிவரங்களைத் தேடித் தேடிச் சேர்த்து அன்னைக்கே போட்டிருக்கார். எல்லாம் ஷில்லிங், பென்ஸ் கணக்கில் இருக்கும். அப்போ ரூபாய்க்கு 1 ஷில்லிங் 4 பென்ஸ், அதாவது 16 பென்ஸ். ரூபாய்க்கு 16 அணா. ஆக ஒரு பென்னி சரியா ஒரு அணா. நம்ம காசுக்கு மாத்திப் பார்த்தேன்:

அமெரிக்கா தலைக்கு 12 ரூபாய். சுவிட்சர்லாந்து 10 ரூபாய் 4 அணா. இங்கிலாந்து ஏழரை ரூபாய். ஜெர்மனி 5 ரூபாய் 2 அணா. பிரான்ஸ் 3 ரூபாய் 10 அணா. ஜப்பான் 14 அணா. ஜார் ஆண்ட ரஷ்யாவே ஏழரை அணா.

இந்தியா? ஒரு அணா. அதுவும் முழுசா ஒரு அணா கூட வராது என்கிற ரேஞ்சில்தான்.

நாகசாமியோட அந்த ஒரு தடவை சம்பளம் 80 அணா. 14, 15 வருஷம் கழிச்சு வந்த கோகலே கணக்குப்படியே பார்த்தாலும், 80 பேருக்கு சர்க்கார் ஒரு வருஷம் முழுக்க செலவழிச்ச காசு, ஒரு வீட்டில் ஒரு பையனோட சம்பளமா போகுது. படிச்சவன் எப்படிப் படிச்சான், மத்தவன் ஏன் படிக்கலைன்னு இதுக்கு மேல விளக்கம் வேணுமா என்ன.

கோகலே கேட்டது ஒண்ணும் பெரிய புரட்சி இல்லை. 6 முதல் 10 வயசு வரை உள்ள பையன்களுக்கு மட்டும், அதுவும் உள்ளூர் போர்டு விரும்பினால் மட்டும் கட்டாயக் கல்வி. அதுக்கே 'இன்னும் காலம் வரலை, ஜனங்க கேட்கலை'ன்னு பதில். 1912 மார்ச்சில் ஓட்டெடுப்பு. ஆதரவு 13, எதிர்ப்பு 38. எதிர்த்த 38-ல் நம்மாட்களும் உண்டு. இத்தனைக்கும் பக்கத்திலேயே பரோடா சமஸ்தானத்தில் சாயாஜிராவ் கெய்க்வாட் 1893-லேயே அம்ரேலி பகுதியில் ஆரம்பிச்சு, 1906-ல் சமஸ்தானம் முழுக்கக் கட்டாயக் கல்வி கொண்டு வந்துட்டார்.

நடுவில் 1911 டிசம்பரில் டெல்லி தர்பார் வேற. ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் கல்விக்கு 50 லட்சம் ரூபாய்னு அறிவிச்சார். கேட்க பிரமாதமா இருக்குல்ல? பிரிட்டிஷ் இந்தியாவின் மக்கள்தொகை சுமார் 24 கோடி. வகுத்துப் பாருங்க, தலைக்கு 4 தம்படி வரும். 12 தம்படி சேர்ந்தாத்தான் ஒரு அணா.

கொஞ்சம் பின்னாடி போனா ஒரு ஆச்சரியம் இருக்கு. இந்தியர்களின் கல்விக்கு வருஷம் ஒரு லட்சம் ரூபாய் ஒதுக்கணும்னு பிரிட்டிஷ் பார்லிமென்ட் சட்டம் போட்டது 1813-ல். சொந்த நாட்டுப் பிள்ளைகளோட பள்ளிகளுக்கு அதே பார்லிமென்ட் முதல் தடவை மானியம் கொடுத்தது 1833-ல், 20,000 பவுண்ட். அதாவது காகிதத்தில் நாம 20 வருஷம் சீனியர் :-) ஆனா அந்த ஒரு லட்சத்தை எதுக்குச் செலவு பண்றது, சமஸ்கிருதமா அரபியா இங்கிலீஷான்னு சண்டை போட்டே, மெக்காலே வந்து 1835-ல் முடிவு சொல்ற வரைக்கும் இழுத்துட்டாங்க. அங்கே 20,000-ல் ஆரம்பிச்சது வளர்ந்துக்கிட்டே போச்சு. 1870-ல் ஊர் ஊருக்கு ஸ்கூல் போர்டு, 1880-ல் கட்டாயம், 1891-ல் ஏறக்குறைய இலவசம்.

அதுக்காக வெள்ளைக்காரன் வரும் முன்னாடி இங்கே பள்ளிக்கூடமே இல்லைன்னு நினைச்சுக்காதீங்க. கவர்னர் தாமஸ் மன்றோ மதராஸ் மாகாணம் முழுக்க கலெக்டர்களிடம் கணக்கு கேட்டு வாங்கினார். 1826-ல் வந்த மொத்தக் கணக்கில் 12,498 பள்ளிகள், 1,88,650 பிள்ளைகள். மக்கள்தொகையில் 67-க்கு ஒருத்தர். பெண் பிள்ளைகள் ரொம்ப ரொம்பக் கம்மி. நான் இதில் பார்க்கிறது என்னன்னா, அந்தத் திண்ணைப் பள்ளிகளும் பெரும்பாலும் பெத்தவங்க காசில்தான் ஓடுச்சு. ஆக 1826-லும் சரி, 1896-லும் சரி, வீட்டில் காசு இருந்தால் படிப்பு.

இந்த ஒரு அணா இன்னொரு இடத்திலும் வருது. 1920-ல் சென்னை மாநகராட்சி, சர் பிட்டி தியாகராயர் காலத்தில், ஆயிரம் விளக்குப் பள்ளியில் மதிய உணவு போட முடிவு பண்ணுது. செலவு உச்சவரம்பு, பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஒரு அணா! பிரிட்டிஷ் இந்தியா தலைக்கு ஒரு வருஷத்துக்குக் கொடுத்ததை, இவங்க பள்ளிக்கு வர்ற பிள்ளைக்கு ஒரு நாளைக்குக் கொடுக்க நினைச்சாங்க. (தலைக்கும் மாணவனுக்கும் ஒப்பிடலாமான்னு கேட்பீங்க. கூடாதுதான், இருந்தாலும் எழுதாம இருக்க முடியலை.) இன்னும் 4 பள்ளிகளுக்குப் பரவினது. ஆரம்பக் கல்விக்கான நிதியில் சோத்துக்குச் செலவு பண்ணக் கூடாதுன்னு அரசு சொல்லவும் 1925-ல் நின்னு போச்சு.

அப்புறம் காமராஜர் 1956-ல் மாநிலம் முழுக்கக் கொண்டு போனது, எம்.ஜி.ஆர். 1982 ஜூலையில் சத்துணவாக்கினது, 2022-ல் காலை உணவு வந்தது எல்லாம் உங்களுக்கே தெரியும்.

இப்போ இருக்கிற கணக்குக்கு வருவோம். இன்னைக்கு எல்லாரும் ஜி.டி.பி.யில் எத்தனை சதவீதம்னுதான் பேசுறாங்க. நார்வே, ஸ்வீடன் மாதிரி நாடுகள் 6, 7 சதவீதம். நாம சுமார் 4. ஜப்பான் 3-க்குக் கொஞ்சம் மேல. இலங்கை சமீப வருஷங்களில் 2-க்கும் கீழே. இதை வச்சு இலங்கையைவிட நாம பரவாயில்லைன்னு சொன்னா தப்பாயிடும். அங்கே கன்னங்கரா 1945-லேயே, பிரிட்டிஷ் ஆட்சி நடக்கும்போதே, ஆரம்பப் பள்ளியிலிருந்து பல்கலைக்கழகம் வரை இலவசமாக்கிட்டார். அந்தப் பழைய முதலீட்டில்தான் இன்னைக்கும் வண்டி ஓடுது. ஜப்பானில் பிள்ளைகளே குறைவு, வருமானமோ அதிகம். 3 சதவீதத்தையே பிள்ளைக்கு இவ்வளவுன்னு வகுத்தா நமக்கு மயக்கம் வரும். சதவீதக் கணக்கில் கீழே இருக்கிற எண்ணைப் பார்க்காம பேசக் கூடாது. அந்த விதத்தில் தலைக்கு எவ்வளவுன்னு நேரா கேட்ட கோகலே கணக்குதான் எனக்குப் பிடிச்சிருக்கு.

நமக்கு 6 சதவீதம் என்கிற இலக்கு கோத்தாரி கமிஷன் 1966-ல் கொடுத்தது. 1985-86க்குள் எட்டணும்னு கெடுவும் வச்சாங்க. 1968 கல்விக் கொள்கையும் அதையே சொல்லுச்சு. 2020 தேசியக் கல்விக் கொள்கையைத் திறந்து பார்த்தா அதே 6 அப்படியே இருக்கு. இந்தத் தடவை வருஷம் மட்டும் போடலை. கூடிய சீக்கிரம்னு இருக்கு.