கார்த்திகைக் கிழங்கு: மருந்தும் நஞ்சும்

மாரி மழை பெய்து நிலம் குளிர்ந்ததும், நாரந்தனையின் வேலிகளிலும் வடலிப் பற்றைகளிலும் ஒரு கொடி தலைநீட்டும். தன் இலை நுனியையே சுருட்டிப் பற்றுக்கோடாகக் கொண்டு அது மேலேறும். கார்த்திகை விளக்கீட்டுக் காலத்தில், மஞ்சளும் செம்மையும் கலந்து, எரியும் சுடர்போலப் பூக்கும். சங்கப் புலவர் இதனைக் காந்தள் என்றனர். குறிஞ்சிப்பாட்டிலே மலர்களை நிரல்படுத்திய கபிலர் இதற்கே முதலிடம் தந்தார். யாழ்ப்பாணத்தார் கார்த்திகைப் பூ என்பர். மழைக்காலம் கழிந்ததும் கொடி வாடி மறையும். கிழங்கு மட்டும் மண்ணுள் உறங்கிக் கிடக்கும். இக்கட்டுரை அக்கிழங்கின் வரலாறு.

கிழங்கு இரு கிளையாக வளைந்து கலப்பையின் வடிவில் இருத்தலின், கலப்பைக் கிழங்கு எனத் தமிழிலும், இலாங்கலி என வடமொழியிலும் பெயர் பெற்றது. ஆயுள்வேத நூலார் இதனை உபவிடங்கள், அதாவது சிறு நஞ்சுகள், என்னும் வகுப்பிற் சேர்த்தனர். எனினும் அவர்கள் இதனை ஒதுக்கிவிடவில்லை. தோல் நோய்களுக்கும் வீக்கங்களுக்கும் அரைத்துப் பூசினர். பேறுகாலம் நீடித்த பெண்களுக்கு வெளிப்பூச்சாக இட்டனர். உள்ளே கொடுக்க நேர்ந்தால் முதலிற் சுத்தி செய்தனர். கிழங்கைச் சீவி, உப்பிட்ட மோரில் இரவெல்லாம் ஊறவைத்துப் பகலில் உலர்த்துவது ஒரு முறை. பல நாள் இவ்வாறு செய்த பின்னரே அது மருந்துப் பெட்டிக்குள் புகுந்தது. நஞ்சென்று அறிந்தே கையாண்டமைதான் பழைய வைத்தியரின் சிறப்பு.

ஒல்லாந்தர் காலத்தில் இக்கொடி ஐரோப்பியர் கண்ணிலும் பட்டது. ஒல்லாந்தக் கம்பனியின் வைத்தியராக 1672 முதல் 1677 வரை இலங்கையில் வாழ்ந்த பவுல் ஹெர்மன், இந்நாட்டுச் செடிகளைத் தொகுத்தார். பின்னர் லைடன் நகரப் பல்கலைக்கழகத்திற் பேராசிரியராகி, 1687இல் வெளியிட்ட நூலில் இக்கொடியையும் விவரித்தார். நாரந்தனை அமைந்துள்ள தீவுக்கு ஒல்லாந்தர் இட்ட பெயரும் லைடன் என்பதே. 1753இல் சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயசு, ‘குளோரியோசா சுப்பர்பா’ என்னும் பெயரை இதற்குச் சூட்டினார். மாண்பு மிக்கது என்பது அதன் பொருள். பெயர் வைத்தவர் மலரைப் பார்த்தே வைத்தார் போலும்!

கிழங்கின் தன்மையை ஆராயும் காலம் பிறகு வந்தது. சென்னையைச் சேர்ந்த மருத்துவர் மூதீன் ஷெரீப், தாமே சிறிய அளவில் உண்டு பார்த்து, மக்கள் அஞ்சும் அளவுக்கு இது கொடியதன்று என 1869இல் எழுதினார். அவர் கண்டது ஓர் அளவின் உண்மையே. அளவு கடந்தால் நேர்வது வேறு. 1915இல் ஆங்கில இரசாயன அறிஞர் மூவர் இக்கிழங்கைப் பகுத்து, அதில் கொல்கிசின் என்னும் பொருள் இருத்தலைக் காட்டினர். பிரான்சு நாட்டில் 1820இல் வேறொரு செடியின் கிழங்கிலிருந்து பிரிக்கப்பட்ட பொருள் அது. மூட்டுகளில் வரும் கடுமையான கௌட் நோய்க்கு இன்றும் மேனாட்டு மருத்துவர் அதனைக் கொடுக்கின்றனர். ஒரு மாத்திரையில் இருப்பது அரை மில்லிகிராம் அளவே.

அதே பொருள் மிகுந்தால் என்ன செய்யும்? உடலின் கலங்கள் பிரிந்து பெருகுவதை அது தடுக்கும். ஆதலால் விரைவாகப் பெருகும் கலங்கள் முதலில் அழியும். உண்ட சில மணி நேரத்தில் வாந்தியும் கடும் வயிற்றோட்டமும் காணும். பின்னர் எலும்பு மச்சை சோர்ந்து குருதி குன்றும். பிழைத்தவருக்கும் மயிர் உதிரும். 1966இல் பிரித்தானிய மருத்துவ இதழில், இக்கிழங்கின் நஞ்சால் உடல் முழுதும் மயிர் உதிர்ந்த ஒருவரைப் பற்றி இலங்கை மருத்துவர் ஒருவர் எழுதினார். இதனால் உயிரிழப்பும் இந்நாட்டில் நேர்ந்ததுண்டு. வற்றாளங் கிழங்கென்று மயங்கி அவித்து உண்டவர்களும் இந்நாட்டில் உளர்.

இங்கே ஒரு நுட்பம் கருதத்தக்கது. சீன வைத்தியர் ‘பூசி’ என வழங்கும் கிழங்கு, நம் நாட்டு மருந்துக் கடைகளில் விற்கும் வச்சநாபியின் இனம். அதுவும் கொடிய நஞ்சே. ஆயின் நெடுநேரம் கொதிக்க வைத்தால் அதன் நஞ்சு சிதைந்து பெரிதும் தணியும்; சீனர் பல நூற்றாண்டுகளாக அவ்வாறே பக்குவம் செய்தனர். கார்த்திகைக் கிழங்கின் நிலை வேறு. கொல்கிசின் கொதிநீருக்கு எளிதில் அழியாது. ஊறும் நீரோடு ஒரு பகுதி வெளியேறுமேயன்றி, முழுதும் நீங்குவதில்லை. ஒரு கிழங்கிற்குப் பொருந்தும் பக்குவம் மற்றொன்றிற்குப் பொருந்தாது. ‘மூலிகைதானே, தீங்கு செய்யாது’ என்னும் எண்ணம் இங்கேதான் உயிரைப் பறிக்கின்றது.

இன்று தமிழ்நாட்டில் கண்வலிக் கிழங்கு என்னும் பெயரால் இக்கொடி தோட்டப் பயிராகியுள்ளது. அதன் விதைகள் மருந்துக்காக வெளிநாடு செல்கின்றன. ஆலையில் அளந்து எடுக்கப்படும்போது அது மருந்து. அடுப்படியில் அளவறியாது அவிக்கப்படும்போது நஞ்சு. முற்காலத்தில் கிராமத்து வைத்தியரும் மூத்தோரும் இந்த வேறுபாட்டைப் பிள்ளைகளுக்குச் சொல்லி வைத்தனர். தலைமுறை மாறி, ஊர் விட்டு ஊர் பெயர்ந்த பின், பூவின் பெயர் நினைவில் நிற்க, கிழங்கைப் பற்றிய எச்சரிக்கை மறதியில் மறையலாகாது. காடு மண்டிக் கிடந்த காணிகளைத் திருத்தும்போது மண்வெட்டியில் அகப்படும் கலப்பை வடிவக் கிழங்கை உணவென்று எண்ணாதிருத்தல் வேண்டும். தவறி உண்டவரை, வாந்தி வரும்வரை காத்திராது, உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லல் வேண்டும். கார்த்திகையில் அதன் மலரைக் கண்டு மகிழலாம். கிழங்கை மண்ணிலேயே விட்டுவிடுவதுதான் அறிவுடைமை.